பழைய ஸ்பூன்ல ஒத்த நம்பர பாத்து வெள்ளின்னு முடிவு பண்ணாதீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

ஞாயிறு இணைப்புல பழங்கால வெள்ளி சாமான் பத்தி வந்த கட்டுரைய படிச்சேன், நல்ல விஷயத்த எடுத்திருக்கீங்க, ஆனா ஸ்பூன் பத்தி சொல்லும்போது "பின்னாடி நம்பர் குத்தியிருந்தா அது வெள்ளி"ன்னு ஒரே வரில முடிச்சுட்டாங்க. அந்த வரிய நம்பி யாராவது பிளேட்டிங் போட்ட ஸ்பூனுக்கு வெள்ளி விலை குடுத்துட்டா என்ன பண்றது, இல்ல நம்பரே இல்லையேன்னு இருநூறு வருஷத்து ஸ்பூன தூக்கி உருக்க குடுத்துட்டா? ரெண்டாவதுதான் எனக்கு ரொம்ப வயித்தெரிச்சல், உருக்கிட்டா திரும்ப வராதுங்க.

84ங்கற நம்பரையே எடுத்துக்கங்க. பழைய ரஷ்ய ஸ்பூன்ல 84ன்னு இருந்தா அது சொலோட்னிக்ங்கற பழைய ரஷ்ய எடை கணக்கு, 96க்கு 84 பங்கு வெள்ளி, அதாவது ஆயிரத்துக்கு 875, நல்ல வெள்ளி. அதே 84 ஒரு பிரெஞ்சு பிளேட்டட் ஸ்பூன்லயும் இருக்கும், அங்க அது ஒரு டஜன் செட்டுக்கு மேல பூசின வெள்ளி எத்தன கிராம்ங்கற கணக்கு, உள்ள இருக்கறது வேற உலோகம். ஜெர்மன் ஸ்பூன்ல வர்ற 90ம் இதே மாதிரி பூச்சு கணக்குதான், அத 900னு நெனச்சு ஏமாறாதவங்க கம்மி. ஜெர்மன்காரங்க நிஜ வெள்ளில 800னு போட்டு பக்கத்துல பிறையும் கிரீடமும் குத்துவாங்க, 1888லேர்ந்து அதான் வழக்கம். ஆக நம்பருக்கு பக்கத்துல என்ன இருக்குன்னு பாக்காம நம்பர மட்டும் படிக்கவே கூடாது.

இதவிட மோசம் ஈ.பி.என்.எஸ். அது மின்சாரம் வச்சு வெள்ளி பூசின நிக்கல் சில்வர், நாம ஜெர்மன் சில்வர்னு சொல்றோமே அதேதான், செம்பு நிக்கல் துத்தநாகம், மேல பூச்சத் தவிர உள்ள வெள்ளி துளி கூட கிடையாது. சில கம்பெனிங்க அந்த நாலு எழுத்தையும் தனித்தனி கேடயத்துக்குள்ள அலங்கார எழுத்துல குத்தி வச்சிருப்பாங்க, அவசரத்துல பாத்தா அசல் ஹால்மார்க் வரிசை மாதிரியே தெரியும். லென்ஸ் வச்சு ஒவ்வொரு கட்டமா பாருங்க.

அசல் இங்கிலீஷ் ஸ்பூன்ல 925ன்னு நம்பரே இருக்காது, பழசு எதுலயும். நடக்கற சிங்கம்தான் ஸ்டெர்லிங்க்கு, அதாவது ஆயிரத்துக்கு 925 பங்கு வெள்ளிக்கு, அடையாளம், 1544லேர்ந்து. கூட ஊர் முத்திரை, லண்டன்னா சிறுத்தை தலை, பர்மிங்ஹாம்னா நங்கூரம், ஷெஃபீல்டுன்னா அந்த காலத்துல கிரீடம். அப்புறம் வருஷ எழுத்து, செஞ்சவரோட இனிஷியல். இந்த வருஷ எழுத்துதான் எனக்கு ரொம்ப பிடிச்ச இடம், ஏன்னா அந்த காலத்துல லண்டன்ல 20 எழுத்து முடிஞ்சதும் மறுபடி ஏ-லேர்ந்து ஆரம்பிச்சாங்க, எழுத்தோட வடிவத்த மாத்தினாங்க. சின்ன ஏ 1776லயும் வரும் 1816லயும் வரும், ரெண்டுலயும் சிறுத்தை தலைல கிரீடம் இருக்கும், அப்ப எப்படி பிரிக்கறது? ராஜா தலை இருக்கான்னு பாருங்க. வெள்ளிக்கு வரி கட்டினதுக்கு அப்ப ஆண்ட ராஜா இல்ல ராணி தலைய குத்தறது 1784ல ஆரம்பிச்சு 1890ல நின்னுச்சு, அதனால தலை இருந்தா 1816, இல்லேன்னா 1776. இன்னொரு சாட்சியும் ஸ்பூன்லயே இருக்கு, சுமார் 1780 வரைக்கும் முத்திரைய காம்போட அடில, கிண்ணத்துக்கு கிட்ட குத்துவாங்க, அங்க காம்பு ஒல்லி, குத்தினதுக்கு அப்புறம் தட்டி நேராக்குவாங்க, அதுல முத்திரை நசுங்கி இழுபட்டு போயிருக்கும். அதுக்கு அப்புறம்தான் மேல நுனி பக்கம் போச்சு. நசுங்கின முத்திரைய பாத்து டூப்ளிகேட்னு ஒதுக்கிடாதீங்க. பழைய டீ ஸ்பூன்ல சிங்கமும் இனிஷியலும் மட்டுமே இருக்கறதும் சகஜம்.

இனிஷியல் விஷயத்துல அவசரம் வேண்டாம். லண்டன்ல வெள்ளி சாமான் செஞ்ச ஹெஸ்டர் பேட்மன்ங்கற அம்மா 1761ல பதிஞ்ச ஹெச்.பி. சாய்வா சேத்து எழுதின எழுத்து, ஹெச்.பி.ன்னு இருக்கறதெல்லாம் அந்தம்மா செஞ்சதில்ல. எழுத்தோட வளைவு, சுத்தி இருக்கற கட்டத்தோட வடிவம், வருஷ எழுத்து மூணும் ஒத்து வரணும்.

முத்திரை தேஞ்சு படிக்க முடியலேன்னா உடனே ஆசிட் ஊத்தாதீங்க, தழும்பு விழுந்துடும், அதுவும் மேலாப்ல போட்டா பூச்சத்தான் காட்டும். காந்தமும் போதாது, வெள்ளி ஒட்டாது, ஜெர்மன் சில்வரும் ஒட்டாது. மொதல்ல கிண்ணத்தோட அடில, மேஜைல உரசற அந்த மேட்ட பாருங்க, பூச்சா இருந்தா பெரும்பாலும் அங்கதான் மஞ்சளாவோ சாம்பலாவோ அடி உலோகம் எட்டிப்பாக்கும். அதுலயும் தெரியலேன்னா எடை. ஸ்பூன எடை போட்டுக்கங்க, அப்புறம் தராசுல தண்ணி டம்ளர வச்சு பூஜ்யம் பண்ணிட்டு ஸ்பூன நூல்ல கட்டி முழுசா முக்குங்க, அடிலயும் பக்கத்துலயும் தொடக்கூடாது. 60 கிராம் ஸ்பூன் ஸ்டெர்லிங்கா இருந்தா தராசு 5.8 கிட்ட காட்டும், ஜெர்மன் சில்வர்னா 6.9 கிட்ட. ஒரு கீறல் கூட விழாது.

பழம் திராட்சை செதுக்கி, கிண்ணத்துல தங்க முலாம் போட்ட ஸ்பூன்களையும் கவனிங்க. நெறைய அதுல சாதா ஸ்பூனா செஞ்சு, பல வருஷம் கழிச்சு விக்டோரியா காலத்துல செதுக்கினது. முத்திரை சொல்ற வருஷம் வெள்ளிக்கு, டிசைனுக்கு இல்ல.

தயவுசெஞ்சு முத்திரை மேல பாலிஷ் போட்டு தேய்க்காதீங்கன்னும் எழுதுங்க, ஒவ்வொரு தேய்ப்புலயும் கொஞ்சம் வெள்ளி போகுது, சிங்கத்தோட முகம் போனா அப்புறம் எத வச்சு படிக்கறது. அடுத்த வாரமே அந்த ஒரு வரிக்கு திருத்தம் போடணும், கூடவே அசல் லண்டன் முத்திரை வரிசையும் ஈ.பி.என்.எஸ். வரிசையும் பக்கத்து பக்கத்துல பெரிய படமா, கட்டம் கட்டமா தெரியற மாதிரி வெளியிடணும்னு கேட்டுக்கறேன்.

இப்படிக்கு,
உங்க வாசகர் ஒருத்தர்