பதின்மூன்றிலிருந்து பதினெட்டு வரை: டெல்டா மாவட்ட நூலக ஆணைக்குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆணைக்குழுவினருக்கும், ஊர்தோறும் ஒற்றை ஆளாக நின்று நூலகம் நடத்தும் நூலகர்களுக்கும் வணக்கம்.

எங்கள் ஊர்க் கிளை நூலகத்துக்கு நேர் எதிரே பதினோரு வருடமாக ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். உள்ளே யார் போகிறார்கள், எவ்வளவு நேரத்தில் வெளியே வருகிறார்கள் என்பது கடையில் உட்கார்ந்தபடியே தெரியும். ஐந்தாவது, ஆறாவது படிக்கிற பிள்ளைகள் சனிக்கிழமை ஆனால் ஓடி வருகிறார்கள். பட்டப்படிப்பு முடித்தவர்கள் காலையிலேயே சாப்பாட்டுப் பையோடு வந்து குரூப் 4, குரூப் 2 என்று படிக்கிறார்கள். பேப்பர் படிக்கும் பெரியவர்களுக்கு வாசலோர பெஞ்சு. நடுவில் இருக்கிற வயதைத்தான் காணோம். எட்டாவதிலிருந்து பிளஸ் டூ வரைக்குமான பிள்ளைகள் நூலகப் படியேறுவதை நான் பார்ப்பது அபூர்வம்.

என் அண்ணன் மகள் ஒன்பதாவது படிக்கிறாள். போன கோடை விடுமுறையில் கடைக்கு வந்தவளை, "எதிரிலேயே நூலகம் இருக்கு, போய் ஏதாவது எடுத்துப் படி" என்று அனுப்பினேன். ஒரு ஜாதகத்துக்கு லேமினேஷன் போட்டு முடிப்பதற்குள் திரும்பி வந்துவிட்டாள். "அங்க எனக்கு ஒண்ணும் இல்ல அத்தை" என்றாள். சோம்பேறித்தனம் என்று நினைத்து, கடையைப் பூட்டிவிட்டு நானே கூட்டிக்கொண்டு போனேன்.

அவள் சொன்னது சரிதான். சிறுவர் பகுதியில் சுவரில் யானையும் முயலும் வரைந்திருக்கிறார்கள். நாற்காலிகள் என் முழங்கால் உயரம். அலமாரியில் படக்கதைகளும் நீதிக்கதைகளும். அந்தப் பக்கம் போனால் தேர்வு வழிகாட்டிகள், சட்டம், ஆன்மிகம், சித்த மருத்துவம், கெட்டி அட்டை போட்ட பழைய நாவல்கள். நல்ல கவிதைகளும் பயண நூல்களும் கண்ணாடி அலமாரிக்குள் பூட்டிக் கிடக்கின்றன. சாவி கேட்க ஒரு ஒன்பதாம் வகுப்புப் பெண்ணுக்கு வாய் வராது. இந்த இரண்டு பக்கத்துக்கும் நடுவில், நடைபாதையில், அவள் பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். உட்காரவும் இடமில்லை. இருந்த நாற்காலியெல்லாம் தேர்வுக்குப் படிப்பவர்களிடம். அவர்களையும் நான் குறை சொல்ல மாட்டேன். வீட்டில் மேசை இல்லாமல்தானே அங்கே வருகிறார்கள்.

இந்த வயதுப் பிள்ளைகளுக்குப் படிக்க ஆசை போய்விட்டது, எப்போதும் செல்போன்தான் என்று எல்லோரும் சொல்கிறோம். நானும் சொல்லியிருக்கிறேன். ஆனால் என் மெஷின் வேறு கதை சொல்கிறது. யாரோ பெரியவர்களின் உறுப்பினர் அட்டையில் எடுத்த நூலகப் புத்தகங்களோடு பிள்ளைகள் என் கடைக்கு வருகிறார்கள். எந்தப் பக்கத்தைப் பிரித்து நீட்டுகிறார்கள் என்பதை வைத்தே அவர்கள் எதைத் தேடுகிறார்கள் என்று தெரிந்துவிடும்.

ஒரு பையன், பிளஸ் ஒன், த்ரீ பேஸ் மோட்டார் காயில் கட்டும் படத்தை எடுத்துப் போனான். அந்தப் புத்தகம் வெளியே தரக்கூடாத வகை. நூலகர் பெருந்தன்மையாகப் பத்து நிமிடம் கொடுத்தனுப்பியிருந்தார். வயலில் மோட்டார் எரிந்துபோனால் மெக்கானிக் வருவதற்குள் நாற்றங்கால் காய்ந்துவிடுகிறது, தானே கற்றுக்கொள்ளலாம் என்று பார்க்கிறேன் என்றான். இன்னொரு பெண் தடித்த சரித்திர நாவல் ஒன்றின் கடைசி இருபத்திரண்டு பக்கங்களை மட்டும் எடுத்தாள். மறுநாள் ஹாஸ்டலுக்குக் கிளம்புகிறாள், புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும், முடிவு தெரியாமல் போக மனசில்லை. அவளிடம் நான் காசு வாங்கவில்லை.

எட்டாவதோ ஒன்பதாவதோ படிக்கிற பெண் ஒருத்தி, ஒரு டாக்டர் எழுதிய கேள்வி பதில் புத்தகத்தைப் பள்ளி நோட்டுக்குள் ஒளித்துக் கொண்டுவந்தாள். கடையில் ஆள் இல்லாத நேரம் பார்த்து, "அக்கா, இத எடுத்துட்டு கவுத்தே குடுங்க" என்றாள். மாதவிடாய் இரண்டு மாதம் தள்ளிப் போனால் என்ன என்பதைப் பற்றிய பக்கம் அது. நகலை நாலாக மடித்து ஜியாமெட்ரி பாக்ஸுக்குள் வைத்துக்கொண்டு போனாள். அம்மாவிடமும் டீச்சரிடமும் கேட்க முடியாததை ஒரு புத்தகத்திடம் கேட்டிருக்கிறாள். அந்த மாதிரிப் புத்தகம் அவள் வயதுக்கென்று ஒரு அலமாரியில், யாரும் திரும்பிப் பார்க்காத சாதாரணப் பொருளாக இருந்திருந்தால், அவள் அதை ஒளித்துக் கொண்டுவர வேண்டியிருந்திருக்காது. இந்த மடலை நான் எழுத உட்கார்ந்ததற்கு முதல் காரணம் அந்தப் பெண்தான்.

நம் மண்ணில் இந்தப் பேச்சு புதிதும் இல்லை. இந்திய நூலகவியலின் தந்தை என்று நாடே கொண்டாடுகிற எஸ்.ஆர்.ரங்கநாதன் 1892-இல் பிறந்தது சீர்காழியில். 1931-இல் அவர் வெளியிட்ட நூலகத்துக்கான ஐந்து விதிகளில் இரண்டாவது, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான புத்தகம் கிடைக்க வேண்டும் என்பது. ஒவ்வொரு வாசகருக்கும் என்றுதான் சொன்னார்; பன்னிரண்டு வயது வரை, பிறகு இருபத்தொன்றிலிருந்து என்று பிரிக்கவில்லை. அதே 1931-இல் மன்னார்குடிப் பக்கம் மேலவாசலிலிருந்து மாட்டுவண்டியில் புத்தகம் ஏற்றிக்கொண்டு கிராமம் கிராமமாகப் போனார்கள். வண்டி கட்டிக்கொண்டு வாசகரைத் தேடிப் போன டெல்டாவில், எதிர்த் தெருவிலிருந்து நடந்து வருகிற பெண்ணுக்கு உட்கார இடமில்லை என்பது எனக்கு ஆறவில்லை.

கும்பகோணத்தில் 1903 வாக்கில், பதினைந்து பதினாறு வயதில், ராமானுஜன் கைக்கு நண்பர் மூலமாகக் கல்லூரி நூலகத்துக் கணிதப் புத்தகம் ஒன்று வந்தது. ஆயிரக்கணக்கான தேற்றங்களும் சூத்திரங்களும், பெரும்பாலும் விளக்கமே இல்லாமல், அடுக்கிய புத்தகம். அதை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்தார் என்பது உலகத்துக்கே தெரியும். எல்லாப் பிள்ளையும் ராமானுஜன் ஆக வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அந்த வயதில் சரியான புத்தகம் கைக்கு எட்டினால் போதும், மற்றதைப் பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள் என்றுதான் சொல்கிறேன்.

நவம்பர் 14 முதல் 20 வரை நூலக வார விழா நடக்கிறதே என்பீர்கள். எங்கள் ஊரிலும் ஒரு வருடம் நடந்தது. சான்றிதழ் அச்சடித்ததே நான்தான். பள்ளிகளிலிருந்து பிள்ளைகளை வரிசையாக அழைத்து வந்து, வாசலில் ஷாமியானா போட்டு உட்கார வைத்தார்கள். சிறப்பு விருந்தினர் வர ஒன்றரை மணி நேரம் ஆனது. பேச்சுப் போட்டி, கட்டுரைப் போட்டி, பொன்னாடை, புகைப்படம். முடிந்ததும் பிள்ளைகளை அதே வரிசையில் வேனில் ஏற்றிவிட்டார்கள். கட்டடத்துக்குள் ஒரு பிள்ளைகூட நுழையவில்லை. அன்று அரை மணி நேரம், "உள்ளே போய் ஆளுக்கொரு புத்தகம் எடுத்துக்கொள்ளுங்கள், உறுப்பினர் படிவம் இதோ" என்று விட்டிருந்தால் அந்த விழா முழுமையாகியிருக்கும். பரிசு வாங்கும் நாலு பேருக்காக மட்டும் நடக்கிற நிகழ்ச்சி பதின்ம வயதுக்கானது அல்ல. மற்ற ஐம்பத்தாறு பேரும் அங்கேதான் உட்கார்ந்திருந்தார்கள்.

நான் கேட்பது பெரிய செலவு இல்லை. ஒவ்வொரு கிளை நூலகத்திலும், முடிந்தால் ஊர்ப்புற நூலகத்திலும், இந்த வயதுக்கென்று பூட்டில்லாத ஒரு அலமாரி, ஒரு மேசை, ஆறு பெரிய நாற்காலி. சனிக்கிழமை மாலையோ ஞாயிறு காலையோ இரண்டு மணி நேரம் அந்த மேசை அவர்களுடையது என்று ஒரு பலகை. நேரத்தை நான் யோசித்துத்தான் சொல்கிறேன். வாரநாளில் பள்ளி, ஸ்பெஷல் கிளாஸ், டியூஷன் முடித்து அவர்கள் வரும்போது நூலகம் சாத்தியிருக்கும். வெள்ளிக்கிழமை நூலகத்துக்கே விடுமுறை. பெண் பிள்ளைகள் இருட்டுவதற்குள் டவுன் பஸ்ஸைப் பிடித்தாக வேண்டும். இதையெல்லாம் பார்க்காமல் நேரம் வைத்தால் வருகைப் பதிவேடு காலியாகத்தான் இருக்கும்.

அலமாரியில் என்ன வைக்கலாம் என்பதை அவர்களையே கேளுங்கள். சிவகாசியிலிருந்து வரும் காமிக்ஸ் வைத்தால் தரம் குறைந்துவிடும் என்று தயவுசெய்து நினைக்காதீர்கள். காமிக்ஸ் எடுக்க வரும் கை அடுத்த தட்டுக்கும் நீளும். துப்பறியும் கதை, பேய்க் கதை, விண்வெளி, உடல், மனசு, விளையாட்டு, எலெக்ட்ரானிக்ஸ், அறிவியல் மாத இதழ், எல்லாம் இருக்கட்டும். வாசகர் வட்டத்தில் பதினெட்டுக்குக் கீழே இரண்டு பேரைச் சேர்த்து, வருடாவருடம் புத்தகம் கேட்டு அனுப்பும் பட்டியலில் அவர்கள் எழுதுவதற்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள்.

நிகழ்ச்சிக்கும் நாம் வெளியூர் போக வேண்டாம். பனிக்காலத்தில் வடுவூர் ஏரிக்கும் கோடியக்கரைக்கும் எங்கிருந்தோ பறவைகள் வந்து இறங்குகின்றன. நூலகத்தில் இருக்கும் பறவைப் புத்தகத்தைக் கையில் கொடுத்து ஒரு காலை அழைத்துப் போனால் அந்தப் புத்தகம் அதன்பிறகு அலமாரியில் தூங்காது. பாட்டிகளிடம் போய் மாப்பிள்ளைச் சம்பா, பூங்கார், காட்டுயானம், குழியடிச்சான் என்று அவர்கள் வயலில் விளைந்த நெல்லையெல்லாம் கேட்டு, எந்த மண்ணுக்கு எது, எத்தனை நாள் பயிர் என்று எழுதி வரச் சொல்லலாம். பிள்ளைகள் எழுதிய அந்த நோட்டையே அட்டை போட்டு அலமாரியில் வைக்கலாம். நரசிங்கம்பேட்டையிலிருந்து நாகஸ்வரம் செய்யும் ஒருவரை அழைத்து, ஆச்சா மரத்தைக் கடைவது எப்படி என்று காட்டச் சொன்னால் மேசையைச் சுற்றிக் கூட்டம் நிற்கும்.

எனக்கு மிகவும் பிடித்த யோசனை கையெழுத்துப் பத்திரிகை. 1713-லேயே தரங்கம்பாடியில் தமிழ் அச்சு தொடங்கிவிட்டது. அச்சு வந்த பிறகும் நம் தாத்தாக்கள் கையால் எழுதி, படம் வரைந்து, ஒரே பிரதியை ஊர் முழுக்கச் சுற்றவிட்டார்கள். பிள்ளைகள் மாதம் எட்டுப் பக்கம் எழுதிக் கொடுக்கட்டும். ஐம்பது பிரதி நான் போட்டுத் தருகிறேன். தாளும் டோனரும் என் செலவு. இதை வாய்ப்பேச்சாகச் சொல்லவில்லை. கடையைத் திறந்து வைத்திருக்கும் வரை செய்வேன்.

ஆள் இல்லை, பணம் இல்லை என்று நூலகர்கள் சொல்வதும் எனக்குத் தெரியும். எங்கள் நூலகர் ஒருவரே திறந்து, கூட்டி, கிழிந்ததை ஒட்டி, தேதி முத்திரை குத்தி, கணக்கும் எழுதுகிறார். அவர் தலையில் இன்னொரு சுமையை வைக்கச் சொல்லவில்லை. அந்த இரண்டு மணி நேரத்துக்கு வாசகர் வட்டத்திலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரும், பெண் பிள்ளைகள் தயங்காமல் பேசுவதற்கு ஒரு பெண்ணும் முறை வைத்து இருக்கலாம். பணத்துக்கு, 1948-ஆம் வருடச் சட்டப்படி சொத்துவரியில் ரூபாய்க்கு 10 காசு நூலக வரியாக நாங்கள் எல்லோரும் கட்டுகிறோம். என் அண்ணனும் கட்டுகிறார். அவர் மகளுக்கும் அதில் பங்கு உண்டு.

சென்னையில் 2010-லும் மதுரையில் 2023-லும் பெரிய நூலகங்கள் வந்தபோது படங்களைப் பார்த்து நானும் மகிழ்ந்தேன். ஆனால் ஜூன் 12-இல் மேட்டூரில் மதகு திறந்த செய்தியை டிவியில் பார்த்துவிட்டு, வாய்க்காலில் தண்ணீர் எப்போது வரும் என்று வரப்பில் நிற்கிற கடைமடைக்காரர்கள் நாங்கள். நூலகத்திலும் அப்படித்தான் காத்து நிற்கிறோம்.

ஆகஸ்ட் 12 ரங்கநாதன் பெயரால் நூலகர் தினம். அன்றைக்கு ஒரு மாவட்டத்தில் ஒரு கிளை நூலகத்திலாவது அந்த மேசையைப் போட்டுப் பாருங்கள். சீர்காழியிலேயே தொடங்கினாலும் சந்தோஷம்.

கடையில் மெஷின் பக்கத்தில் ஒரு நாற்பது பக்க நோட்டைக் கயிறு கட்டித் தொங்கவிட்டிருந்தேன். "நூலகத்தில் என்ன இருந்தால் வருவீர்கள்?" என்று மேலே எழுதிவைத்தேன். கேக் செய்யும் புத்தகம், கபடி விதிமுறை, பாம்புகள், கவிதை எழுதுவது எப்படி, யூடியூப் வீடியோ எடிட்டிங், பேய், பேய், பேய். நோட்டு நிறைந்துவிட்டது. அதன் நகலை இந்த மடலோடு வைத்திருக்கிறேன். கடைசிப் பக்கத்தில் பச்சை மையில் ஒரு பையன், "அங்க மெதுவா பேசிக்கலாமா? இல்ல பேசவே கூடாதா?" என்று கேட்டிருக்கிறான். நான் பதில் எழுதவில்லை. கீழே இடம் விட்டிருக்கிறேன், நீங்கள் எழுதி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
நூலகத்துக்கு எதிர்க்கடைக்காரி