ஸ்ப்ரே பத்து நிமிஷம், எண்ணெய் எடுக்க ரெண்டு நாள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை இணைப்புல ரைஃபிளுக்கு வீட்டுலயே ஸ்ப்ரே கோட்டிங் போடறதப் பத்தி வந்த கட்டுரைய படிச்சேன் சார். ஆர்வமாத்தான் எழுதியிருந்தாங்க, எந்த கலர் எடுக்கலாம், ஸ்டென்சில் வச்சு கேமோ டிசைன் எப்படி வரும்னு அரை பக்கத்துக்கு விளக்கம், ஆனா அடிக்கிறதுக்கு முன்னாடி என்ன செய்யணும்ங்கறத மட்டும் "இரும்பை நன்றாகத் துடைத்துக்கொள்ளவும்"னு ஒரே வரியில முடிச்சிட்டாங்க. அந்த ஒரு வரியப் பாத்ததும்தான் இந்த லெட்டர எழுத உக்காந்தேன், ஏன்னா இதே மாதிரி ஒரு வரிய நம்பி நானும் ஒரு தடவ நல்லா பட்டிருக்கேன்.

என்னோடது பழைய போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிள், அதாவது போல்ட்ங்கற கம்பிய கையால இழுத்துத் தள்ளி ஒவ்வொரு குண்டா ஏத்துறது. பேரல்ல ப்ளூயிங் பாதி போயி அங்கங்க புள்ளி புள்ளியா துரு. ப்ளூயிங்ங்கறது பெயிண்ட் இல்ல, இரும்போட மேல்தோலையே கருப்பு ஆக்சைடா மாத்தி விடறது, அதுக்கு மேல எண்ணெய் தடவிக்கிட்டே இருந்தாத்தான் அது துருவ தடுக்கும், வேர்த்த கையால புடிச்சிட்டு துடைக்காம வச்சா அவ்வளவுதான். இந்த பாடு வேணாம்னுதான் ஸ்ப்ரே கோட்டிங்குக்கு போனேன். சேம்பர்ல, அதாவது குண்டு உக்கார்ற அறையில, குண்டு இல்லன்னு ரெண்டு தடவ பாத்துட்டு, போல்ட்ட எடுத்து, ஸ்டாக்க கழட்டி, சேண்ட்பேப்பர் போட்டு, அசிட்டோன்ல துணிய நனைச்சு துணி வெள்ளையாவே வர்ற வரைக்கும் துடைச்சு, அப்புறம்தான் அடிச்சேன். பாக்க அவ்வளவு அழகா இருந்துச்சு. கோட்டிங் சூட்டுல இறுகட்டும்னு ஓவன்ல வச்சிட்டு ஒரு மணி நேரம் கழிச்சு எட்டிப் பாத்தா ஸ்கோப் மவுன்ட் ஸ்க்ரூ ஓட்டைங்களச் சுத்தியும், முன் சைட் உக்கார்ற இடத்துலயும், எண்ணெய் பட்ட பேப்பர்ல இங்க் ஒதுங்குமே, அந்த மாதிரி கோட்டிங் வட்ட வட்டமா விலகி நிக்குது.

அப்புறம்தான் புரிஞ்சுது. வருஷக்கணக்கா நாம போட்ட எண்ணெய் மேல மட்டும் இல்ல, ஸ்க்ரூ மரைக்குள்ள, சைட்டுக்கு அடியில, பேரலும் ரிசீவரும் (போல்ட் ஓடுற நடு உடம்பு) சேர்ற இடத்துலன்னு போயி ஒளிஞ்சிருக்கு. சூடு இல்லாதப்போ அது பாட்டுக்கு கிடக்கும், நாம எவ்வளவு துடைச்சாலும் துணிக்கு தெரியாது. ஓவன் சூட்டுல எண்ணெய் இளகி வெளிய வந்துடும், அதுவும் கரெக்டா நம்ம கோட்டிங் ஈரமா இருக்குற நேரத்துல.

அதனால முழுசையும் பிளாஸ்டிங் பண்ணி, அதாவது காத்தழுத்தத்துல சொரசொர பொடிய அடிச்சு, உரிச்சிட்டு ரெண்டாவது தடவ ஆரம்பிச்சேன். சைட், மவுன்ட், ஸ்க்ரூ எல்லாத்தையும் தனித்தனியா கழட்டி அசிட்டோன்ல ஊற வச்சேன், நல்லா காய விட்டேன், கோட்டிங் போடாம வெறும் இரும்ப மட்டும் ஓவன்ல ஒரு மணி நேரம் வச்சேன். வெளிய எடுத்தா ஓட்டை ஓரமா வேர்வை மாதிரி எண்ணெய் பூத்திருக்கு! திரும்ப ஊற வச்சு, திரும்ப சூடு காட்டி, மூணாவது தடவதான் ஒண்ணும் வரல. இதுல ஒண்ண மறந்துடாதீங்க, அசிட்டோன் ஈரத்தோட எதையும் ஓவன் பக்கமே கொண்டு போகக்கூடாது, அது பூஜ்யத்துக்கு கீழ 20 டிகிரியிலயே பத்திக்கக்கூடிய ஆவிய விடுற சரக்கு, அந்த ஆவி காத்த விட கனம், தரையோட தரையா நகர்ந்து போயி எங்கயோ இருக்குற பொறிய தேடிக்கும்.

எண்ணெய் போச்சா இல்லையான்னு பாக்க ஒரு சுலபமான வழி இருக்கு. சுத்தமான தண்ணிய மேல ஊத்துங்க, விரிஞ்சு ஒரே படலமா நின்னா சரி, தாமரை இலைத் தண்ணியா உருண்டு ஓடுச்சுன்னா இன்னும் எண்ணெய் இருக்கு. பாத்த உடனே காய வச்சிடணும், வெறும் இரும்பு தண்ணிய ரொம்ப நேரம் தாங்காது.

இரும்பு வழவழன்னு இருந்தாலும் கோட்டிங் புடிக்காது. சேண்ட்பேப்பர விட 100 மெஷ் அளவு அலுமினியம் ஆக்சைடு பொடியால பண்ற பிளாஸ்டிங்தான் சரி, பளபளப்பே இல்லாம சாம்பல் கலர்ல வரணும். பிளாஸ்டிங் முடிஞ்சா அன்னைக்கே அடிச்சிடணும், நடுவுல வெறுங்கையால தொடவே கூடாது, கையில இருக்குற எண்ணெயும் உப்பும் கோட்டிங்குக்கு அடியில மாட்டிக்கிட்டா அந்த இடத்துலதான் முதல்ல உரியும், துருவும் அங்கதான் கிளம்பும். நைட்ரைல் கிளவுஸ் போட்டுக்கங்க.

எங்கெங்க அடிக்கக்கூடாதுங்கறதும் கட்டுரையில இல்ல. பேரல் உள்துளை, சேம்பர், போல்ட் முகப்பு, ஃபயரிங் பின் ஓட்டை, ட்ரிகரும் சியரும் (ட்ரிகர் அழுத்தினா விடுபடுற கொக்கி) உரசுற இடம், இதுக்குள்ள ஒரு துளி போகக்கூடாது, சிலிக்கான் பிளக் வச்சு அடைச்சிடணும். கோட்டிங் கனம் 25 மைக்ரான்தானே, தலைமுடிய விட மெல்லிசுதானேன்னு தோணும், ஆனா ஒண்ணோட ஒண்ணு உரசுற ரெண்டு பக்கமும் அடிச்சா அது 50 ஆயிடும், ஏற்கனவே இறுக்கமா ஓடுற போல்ட் அதுக்கப்புறம் ஓடாது. ட்ரிகர்ல போச்சுன்னா ஓடாதுங்கறதோட நிக்காது, சேஃப்டியே சரியா புடிக்காம போகலாம். சீரியல் நம்பர் பள்ளத்தையும் ரொப்பிடாதீங்க, அது படிக்கத் தெரியணும்.

ஓவன் விஷயத்துக்கு வர்றேன். ஓவன்ல இறுக வைக்கிற செராகோட் எச் சீரிஸ் கோட்டிங்னா 121 டிகிரி செல்சியஸ்ல 2 மணி நேரம், கலவையும் வழக்கமா 18 பங்கு கோட்டிங்குக்கு 1 பங்கு ஹார்டனர் (இறுக வைக்கிற திரவம்), அதை கண்ணளவுல ஊத்தாம அளந்து ஊத்தணும். "சமையலறை ஓவனே போதும்"னு கட்டுரையில படிச்சப்ப எனக்கு பக்குனு ஆச்சு. சோறு பண்ற ஓவன்ல இந்த வேலைய பண்ணவே கூடாது, பண்ணிட்டா அதுக்கப்புறம் அதுல சமைக்கக்கூடாது. டயல்ல 120ன்னு இருந்தா உள்ள 120 இருக்கும்னும் நம்பாதீங்க, தனியா ஒரு தெர்மாமீட்டர் உள்ள வைங்க. ஏன் சொல்றேன்னா சில ரைஃபிளோட ரிசீவர் 7075 டி6ங்கற பலமான அலுமினியக் கலவை, அந்த உலோகத்துக்கு பலம் ஏத்துறதே ஏறக்குறைய இதே 120 டிகிரியில பதம் வச்சுத்தான், ஓவன் தறிகெட்டு 200ஐ தாண்டுச்சுன்னா அந்த பலம் இறங்கிடும், வெளிய பாத்தா ஒண்ணும் தெரியாது. பிளாஸ்டிக், ரப்பர் பேட், ஸ்கோப் இதெல்லாம் அந்த சூட்டுக்கு உள்ள போகவே கூடாது.

ஓவன் இல்லாதவங்களுக்கு காத்துல காயுற வகை இருக்கு, ஆனா தொட்டா ஒட்டாதுங்கறது வேற, உள்ள இறுகுறது வேற. சிலது 5 நாள் கேக்கும், சிலது வாரக்கணக்குல. அதுக்குள்ள மாட்டி ஓட்டிப் பாத்தா நகக்கீறல் விழும், பொறுமை இல்லாதவங்க டப்பாவையே திறக்காதீங்க.

கடைசியா அந்த போட்டோ. ஸ்ப்ரே அடிக்கிறவரு மூக்க துணியால கட்டிக்கிட்டு, ஜன்னல் சாத்தின ரூம்ல நிக்கிறாரு. துணியோ தூசி மாஸ்க்கோ கரைப்பான் ஆவிய நிறுத்தாது, ஆர்கானிக் வேப்பர் கார்ட்ரிட்ஜ் போட்ட ரெஸ்பிரேட்டர் வேணும். ரெண்டு பாகம் கலக்குற சில வகைகளோட ஹார்டனர்ல ஐசோசயனேட்ங்கற ரசாயனம் இருக்கு, அது ஒரு தடவ உடம்புக்கு ஒத்துக்காம போயிட்டா அப்புறம் கொஞ்சூண்டு பட்டாலே ஆஸ்துமா மாதிரி இழுத்துடும், அந்த மாதிரி சரக்க வீட்டுல அடிக்காம இருக்கறதே நல்லது.

என் ரைஃபிள் இப்ப நல்லாத்தான் இருக்கு, போல்ட் கைப்பிடிக்கு அடியில மட்டும் உரசி உரசி கொஞ்சம் வெள்ளை தெரியுது, இன்னொரு தடவ எண்ணெய் எடுக்குற வேலைய நினைச்சு அத அப்படியே விட்டுட்டேன். அடுத்த வாரம் மரக்கட்டை ஸ்டாக்குக்கு வார்னிஷ் அடிக்கிறதப் பத்தி வரும்னு போட்டிருக்கீங்க, அதுலயாவது ஜன்னல திறந்து வச்சு, சரியான மாஸ்க் மாட்டின ஆள போட்டோ எடுத்து போடுங்க சார்.

இப்படிக்கு,
உங்கள் நீண்டநாள் வாசகர்