போலீஸ் காகிதக் கட்டுகளில் நம் ஆட்களைத் தேடப் போகும் தங்கைக்கு

அன்புள்ள தங்கச்சிக்கு,

உன் கடிதம் வந்தது. ஆய்வுக்குப் பதிவு செய்துவிட்டாய் என்று படித்ததும் வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுச் சொன்னேன். உன் அண்ணிக்கு ஏகப்பட்ட பெருமை. அரூர் பக்கத்துக் குறவர் வீட்டுப் பெண் எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் போய் உட்கார்ந்து, நம்மைப் பற்றி எழுதி வைத்திருப்பதை எல்லாம் பிரித்துப் படிக்கப் போகிறாள் என்பது சின்ன விஷயம் இல்லை.

நீ கேட்டிருப்பது ஒரே கேள்விதான். நம்மைத் திருட்டுப் பரம்பரை என்று எழுதியவர்களின் காகிதத்தை வைத்துக்கொண்டு நம் வரலாற்றை எழுதலாமா?

எழுதலாம், எழுதியே ஆக வேண்டும். பட்டா நிலம் வைத்திருந்தவர்களுக்குச் செட்டில்மென்ட் பதிவேடு இருக்கிறது. கோயிலில் மரியாதை வாங்கியவர்களுக்குக் கல்வெட்டும் செப்பேடும் இருக்கின்றன. ஊர் ஊராக நடந்து பிழைத்த நம் சனத்தையும், சித்தேரியிலும் வத்தல்மலையிலும் காடு திருத்திய மலையாளிப் பழங்குடிகளையும் (கேரளத்து மலையாளிகள் அல்ல), பென்னாகரம், தேன்கனிக்கோட்டைப் பக்கத்து இருளர்களையும் பற்றி அந்தக் காலத்தில் எழுதி வைத்தவர்கள் பெரும்பாலும் போலீசும் வனத்துறையும்தான். அதை விட்டுவிட்டால் உன் கொள்ளுத் தாத்தாவின் பெயர் எழுத்தில் வேறெங்கும் கிடைக்காது.

ஆனால் ஒரு காகிதக் கட்டைப் பிரிக்கும்போது முதலில் பார்க்க வேண்டியது, இதை யார், யாருக்கு, எதை வாங்குவதற்காக எழுதினார் என்பதை. வக்கீல் தொழிலில் நான் தினமும் செய்கிற வேலை அதுதான். குற்றப்பத்திரிகையை வாசிக்கிறவன் அதை நடந்த கதையாக வாசிப்பதில்லை, ஒரு தரப்பின் வாதமாகத்தான் வாசிக்கிறான். நீயும் அப்படியே வாசி.

உதாரணம் சொல்கிறேன். சில சமூகங்களை மொத்தமாகவே குற்றவாளிகள் என்று அறிவித்துக் கண்காணிப்பில் வைத்த குற்றப் பரம்பரைச் சட்டம் 1871-இல் வடக்கே வந்தது. சென்னை மாகாணத்துக்கு வந்தது 1911-இல்தான். ஆனால் நம்மைப் பற்றிய எழுத்து அதற்கு முன்பே தயாராக இருந்தது. 1892-இல் முல்லாலி என்ற போலீஸ் அதிகாரி மாகாணத்தின் ‘குற்றச் சாதிகள்’ பற்றிக் குறிப்புகள் வெளியிட்டார். 1909-இல் தர்ஸ்டன் சாதிகள், பழங்குடிகள் பற்றிய தொகுதிகளைக் கொண்டுவந்தபோது முல்லாலியிடமிருந்து நிறைய எடுத்துப் போட்டார். 1918-இல் சேலம் மாவட்ட கெசட்டியர், அதாவது மாவட்டத்தைப் பற்றிய சர்க்கார் விவர நூல், வந்தது. இவற்றை வரிசையாக வைத்து வாசிக்கும்போது எல்லோரும் ஒரே மாதிரி சொல்கிறார்களே, உண்மையாகத்தான் இருக்குமோ என்று மனம் தடுமாறும். தடுமாறாதே. ஒரே சாட்சியின் வாக்குமூலம் கை மாறிக் கை மாறி வந்திருக்கிறதா என்று வரிக்கு வரி ஒப்பிட்டுப் பார். எந்த வரி எங்கிருந்து கிளம்பியது என்று ஒரு அட்டவணை போட்டாலே உன் ஆய்வில் ஒரு இயல் தேறிவிடும்.

அந்த எழுத்தில் சொல்லாமல் விட்டது இன்னும் முக்கியம். உப்புக் குறவர்கள் கழுதையிலும் மாட்டிலும் பொதி ஏற்றிக் கடற்கரை உப்பை உள்நாட்டுக்குக் கொண்டுவந்தவர்கள். உப்பைக் கொடுத்துத் தானியம் வாங்கித் திரும்புவார்கள். 1860-களில் மொரப்பூர் வழியாக ரயில் ஓட ஆரம்பித்தது. மூட்டை மூட்டையாக உப்பு ரயிலில் வந்து இறங்கிய பிறகு பொதி மாட்டுக்காரனிடம் யார் வாங்குவார்கள்? அடுத்து 1876-இல் தாது வருஷப் பஞ்சம். சேலம் மாவட்டம் அதில் படாத பாடு பட்டது. 1882-இல் சென்னை வனச் சட்டம் வந்தது. மாடு மேய்ந்த காடு, கூடை முடைய மூங்கில் வெட்டிய காடு, எல்லாம் சர்க்கார் காடானது. இருபது வருஷத்துக்குள் வியாபாரம், தானியம், காடு மூன்றும் போன ஒரு சனம் என்ன செய்யும் என்று அந்த அதிகாரிகள் கேட்கவில்லை. பிறவிக் குணம் என்று எழுதிவிட்டார்கள். இந்தத் தேதிகளைக் குற்றக் கணக்குகளுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டியது உன் வேலை.

சரி, கட்டுகளைத் தேடும் வழிக்கு வருகிறேன். தருமபுரி என்று தேடினால் ஒன்றும் அகப்படாது. 1965 அக்டோபர் 2 வரை நாம் சேலம் மாவட்டம். கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004-இல். அதனால் அரூர், ஊத்தங்கரை, ஓசூர் எல்லாவற்றையும் சேலம் என்றே தேடு. ஜுடிசியல் துறை அரசாணைகளில் தொடங்கி, அப்புறம் ஹோம் துறைக்குப் போ. வருடாந்திரப் போலீஸ் நிர்வாக அறிக்கைகளையும், எந்தப் பிரிவை எந்த நாளில் குற்றப் பரம்பரை என்று அறிவித்தார்கள் என்பதற்குப் புனித ஜார்ஜ் கோட்டை கெசட் என்ற அரசிதழையும் பார். நம் பெயரைக் கொரவா, கொரச்சா, எருக்கலா என்று பலவிதமாக எழுதியிருப்பார்கள், ஒன்றையும் விடாதே. சேலம் மேல்நாடு, ஆத்தூர் கீழ்நாடு, சேலம் உப்பு என்று குறவர்களைப் பிரித்துப் பிரித்துப் பட்டியல் போட்டவர்கள் அவர்கள். இன்றைக்கும் சீர்மரபினர் (முன்பு குற்றப் பரம்பரை என்று அறிவித்து, பின்னர் அதிலிருந்து நீக்கிய சமூகங்கள்) பட்டியலில் அதே பெயர்கள்தான் நிற்கின்றன.

அரசாணையைக் கடைசிப் பக்கத்து உத்தரவோடு நிறுத்திவிடாதே. அதற்கு மேலே தைத்திருக்கும் கடிதங்களில்தான் விஷயம் இருக்கும். சூப்பிரண்டெண்ட் ஒன்று கேட்பார், மாவட்ட மாஜிஸ்திரேட் வேறு மாதிரி எழுதுவார். அதிகாரிகளுக்குள் எங்கே கருத்து வேறுபாடு வந்ததோ அந்த இடத்தில் நம் ஆட்களின் நிலைமை கொஞ்சம் கசிந்து வெளியே வந்திருக்கும். யாராவது மனு எழுதுபவரைப் பிடித்து நம்மவர் கொடுத்த விண்ணப்பம் நடுவில் இருந்தால், அதை வார்த்தை விடாமல் நகல் எடு. அந்தக் கட்டிலேயே நம் வாய்ப்பேச்சுக்கு மிக அருகில் இருப்பது அதுதான்.

இரவு ஆஜர் பதிவுகள் அகப்பட்டால் அவற்றை நான் சொல்கிறபடி வாசித்துப் பார். குற்றப் பரம்பரைச் சட்டத்தின் 10-ஆவது பிரிவு, குறித்த நேரத்தில் வந்து ஆஜராக வேண்டும், இடம் மாறினால் தெரிவிக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்த வழி செய்தது. ‘ஆஜர் இல்லை’ என்று குறித்த தேதிகளைத் தனியாக எழுதிக்கொள். ஒவ்வொரு தேதிக்கும் கிழமையைக் கண்டுபிடி. அந்தக் கிழமையில் எங்கே சந்தை கூடியது, அந்த மாதத்தில் எங்கே அறுப்பு நடந்தது, தீர்த்தமலைத் தேர் எப்போது என்று ஊர்ப் பெரியவர்களிடம் விசாரி. போலீஸ்காரர் குற்றமாக எழுதிய வரிசையிலிருந்து ஒரு குடும்பம் வருஷம் முழுவதும் எங்கெங்கே போய் என்ன செய்து பிழைத்தது என்ற வரைபடம் எழும். இந்த வகைக் காகிதத்தில் எனக்கு மிகப் பிடித்த விஷயம் இது.

ஊத்தங்கரைப் பக்கம் ஒரு பாட்டி தன் அப்பாவின் சீட்டு ஒன்றைத் தகரப் பெட்டியில் வைத்திருந்தார். ஊரை விட்டுப் போகக் கொடுத்த அனுமதிச் சீட்டு. பெயர், தகப்பன் பெயர், போகும் ஊர், திரும்ப வேண்டிய நாள், கீழே கிராம முன்சீப் கையெழுத்து. மடித்து மடித்து இடுப்பில் செருகியதில் மடிப்புகள் கிழிந்து, சோற்றுப் பசையால் ஒட்டியிருந்தார்கள். பின்பக்கம் பென்சிலில் ஒரு கணக்கு: யாரோ வாங்கிய கேழ்வரகுக் கடன், படிக்கணக்கில். முன்பக்கம் சர்க்காருக்கு, பின்பக்கம் வீட்டுக்கு. எழுத்துத் தெரியாத அந்த மனிதருக்கு யார் அந்தக் கணக்கை எழுதிக் கொடுத்தார்கள், எதற்காக அந்தக் காகிதத்தைப் பிடித்தார்கள் என்று பாட்டியிடம் கேட்டேன். “வீட்டுல இருந்த ஒரே காகிதம் அதுதானே சாமி” என்றார். காப்பகத்தில் இருப்பது அந்தச் சீட்டின் முன்பக்கம் மட்டும்தான். பின்பக்கம் நம் ஊர்ப் பெட்டிகளில் இருக்கிறது. எழும்பூருக்கு எத்தனை நாள் ஒதுக்குகிறாயோ, அதைவிட அதிக நாள் இந்தப் பெட்டிகளுக்கு ஒதுக்கு.

காகிதம் எவ்வளவு தூரம் பொய் சொல்லும் என்பதற்கு நம் தாலுகாவிலேயே வாச்சாத்தி இருக்கிறது. உனக்குத் தெரிந்த கதைதான். ஆனால் ஆய்வாளராக அதை இன்னொரு முறை நினைத்துப் பார். 1992 ஜூன் 20-ஆம் தேதி வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை மூன்றும் சேர்ந்து அந்த மலையாளிக் கிராமத்துக்குள் நுழைந்தார்கள். சந்தன மரக் கடத்தல் என்பது அவர்கள் சொன்ன காரணம். வீடுகளை நொறுக்கினார்கள், ஆடு மாடுகளைக் கொன்றார்கள், கிணற்றைக் கெடுத்தார்கள், 18 பெண்களைப் பாலியல் வன்கொடுமை செய்தார்கள். அப்புறம் பெண்களையும் குழந்தைகளையும் அரூர் வன அலுவலகத்தில் அடைத்து, சேலம் சிறைக்கு அனுப்பினார்கள். அந்த வாரத்துக் காகிதத்தில் அந்தப் பெண்கள்தான் குற்றவாளிகள். சந்தனக் கட்டை பறிமுதல், கைது, ரிமாண்ட் என்று எல்லாம் முறைப்படி எழுதியிருக்கும்.

அந்தக் கட்டு மட்டும் மிஞ்சியிருந்து, நூறு வருஷம் கழித்து உன்னைப் போல ஒரு பெண் வந்து அதைப் பிரித்திருந்தால் என்ன எழுதியிருப்பாள்? அப்படி ஆகாமல் போனதற்குக் காரணம் அந்தப் பெண்களின் பிடிவாதம். பழங்குடி மக்கள் சங்கமும் மார்க்சிஸ்ட் கட்சியும் கூட நின்றன. 1995-இல் உயர் நீதிமன்றம் சி.பி.ஐ. விசாரணைக்கு உத்தரவிட்டது. 269 பேர் மீது வழக்கு: வனத்துறையில் 155, போலீசில் 108, வருவாய்த்துறையில் 6. விசாரணை முடிவதற்குள் 54 பேர் இறந்துவிட்டார்கள். மீதி 215 பேரையும் 2011 செப்டம்பர் 29-இல் தருமபுரி அமர்வு நீதிமன்றம் குற்றவாளிகள் என்றது. 2023 செப்டம்பர் 29-இல் உயர் நீதிமன்றம் எல்லா மேல்முறையீடுகளையும் தள்ளுபடி செய்தது. தீர்ப்புக்கு முன் நீதிபதி நேரில் அந்த ஊருக்கே வந்து பார்த்தார். முதல் காகிதத்தில் குற்றவாளிகளாக இருந்தவர்கள் கடைசிக் காகிதத்தில் சாட்சிகள். நடுவில் முப்பத்தோரு வருஷம்.

உன் கொள்ளுத் தாத்தாவுக்கு அந்த இரண்டாவது காகிதம் கிடைக்கவில்லை. அவர் காலத்தில் சி.பி.ஐ. இல்லை, சங்கம் இல்லை, கேட்க நாதி இல்லை. அவரைப் பற்றிய முதல் காகிதம்தான் ஒரே காகிதம். அதனால் அங்கே ‘கொள்ளைக்குச் சதி’ என்று ஒரு வரி பார்த்தால், அதை அப்படியே உன் ஆய்வில் நிகழ்வாக எழுதாதே. ‘இன்ன அதிகாரி இன்ன தேதியில் இப்படி எழுதினார்’ என்று எழுது. புகார் கொடுத்தவர் யார், அவருக்கு நிலம் எவ்வளவு, நம்மவருக்கு அவரிடம் கடன் இருந்ததா என்றும் தேடு. அதே சமயம், உண்மையாகவே களவு நடந்த இடத்தில் அதை மறைக்கவும் வேண்டாம். பசியில் நெல் எடுத்தவனை எடுத்தான் என்றே எழுது. நம்மவர்களைத் தேவர்களாக்க வேண்டிய அவசியம் நமக்கு இல்லை.

மலையாளி, இருளர் பற்றி எழுதும் பகுதிக்குப் போலீஸ் கட்டுகளோடு வனத்துறைக் குற்றப் பதிவேடுகளையும் சேர்த்துப் பார். விறகு, மேய்ச்சல், தேன், கிழங்கு என்று அபராதம் போட்ட கணக்குகளில் அவர்கள் காட்டில் எங்கே வரை போய் வந்தார்கள் என்பது இருக்கும். வன உரிமை கேட்டு மனுப் போடுகிறவர்களுக்குக்கூட அது உதவலாம். பழைய வழக்குகளுக்கு நீதிமன்றப் பதிவறையில் நகல் மனுப் போடு, நான் எழுதித் தருகிறேன். தகவல் உரிமைச் சட்டத்தில் 8(3) என்று ஒரு உட்பிரிவு உண்டு. நடந்து 20 வருஷம் தாண்டிய விஷயமாக இருந்தால், சட்டத்திலுள்ள பெரும்பாலான விலக்குகளைக் காட்டி மறுக்க முடியாது. மனுவில் அந்த எண்ணைக் குறிப்பிடு.

இனி நான் கண்டிப்பாகச் சொல்ல வேண்டிய ஒன்று, பெயர்கள் பற்றி. குற்றப் பரம்பரைச் சட்டத்தை 1947-இல் சென்னை மாகாணம் ரத்து செய்தது. அடுத்த வருஷமே வழக்கமான குற்றவாளிகளைக் கட்டுப்படுத்தும் சட்டம் வந்தது. நாடு முழுவதும் பழைய சட்டம் ஒழிந்தது 1952 ஆகஸ்ட் 31-இல். ஆனால் எங்காவது நகை காணாமல் போனால் நம் தெருவுக்கு ஜீப் வருவது இன்னும் நிற்கவில்லை. போலீஸ் வைத்திருக்கும் கே.டி. லிஸ்ட் (பழைய குற்றவாளிகள் பட்டியல்), ஹிஸ்டரி ஷீட் (ஒருவரின் குற்ற வரலாற்றுப் பதிவு) என்றால் என்னவென்று நம் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் போகும் முன்பே தெரிகிறது. 2024 மே மாதம் உச்ச நீதிமன்றமே, பின்தங்கிய சமூகங்களைச் சேர்ந்த குற்றமற்றவர்களின் பெயரை இயந்திரம் போல ஹிஸ்டரி ஷீட்டில் ஏற்றக் கூடாது என்று சொல்ல வேண்டியிருந்தது. அதே வருஷம் அக்டோபர் 3-ஆம் தேதி, சிறைப் பதிவேடுகளில் சாதிக் கட்டத்தையே எடுக்கச் சொன்னது.

இந்த நிலையில், 1920-களின் பதிவேட்டில் கண்ட ஒரு பெயரை, ஊரோடும் கைரேகையோடும் நீ அச்சில் போட்டால், அந்தக் குடும்பத்தின் பேரன் இன்றைக்கு வேலைக்கு விண்ணப்பிக்கும்போது என்ன ஆகும்? அதனால் உயிரோடிருக்கும் வாரிசுகளைத் தேடிப் போய்க் காட்டு. வாசித்துக் காட்டு. போடலாம் என்று அவர்கள் சொன்னால் போடு. வேண்டாம் என்றால் ஊர்ப் பெயரையும் சேர்த்து மறைத்துவிடு. உன் வழிகாட்டி ஆதாரம் முழுமையாக வேண்டும் என்று வற்புறுத்தினாலும் இதில் விட்டுக்கொடுக்காதே. சில பேர் பெருமையாகப் போடச் சொல்வார்கள். சில பேர் அழுவார்கள். அழுகிற வீட்டில் உடனே நோட்டை எடுக்காதே, அன்றைக்குச் சாப்பிட்டுவிட்டு வந்துவிடு.

காப்பகத்துக்குப் பென்சிலும் அறிமுகக் கடிதமும் கொண்டு போ. தொடர்ந்து படித்தால் நெஞ்சு அடைக்கும். அப்போது கட்டை மூடிவிட்டு வெளியே வந்து எனக்குப் போன் போடு, எந்த நேரமானாலும் எடுப்பேன். கிளம்புவதற்கு முன் உன் பெரியம்மாவிடம் உட்கார்ந்து, கொள்ளுத் தாத்தா எந்த எந்த ஊர்ச் சந்தைக்குப் போனார், பெண் எடுத்தது எங்கே, மாடு வைத்திருந்தாரா என்று கேட்டு எழுதி எனக்கு ஒரு நகல் அனுப்பு. பெரியம்மாவுக்குக் கண் மங்கிவிட்டது, ஆனால் நினைவு நன்றாக இருக்கிறது. இந்த மாதமே போ.

அன்புடன்,
உன் அண்ணன்
அரூர்