ஏரிக்கரையில் ஒரு வெள்ளைப் பலகை

சியாட்டிலுக்கு எதிர்க்கரை, அமெரிக்கா,
நவம்பர் 12

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

மீனா எழுதுகிறேன். இங்கே நாங்கள் இருவரும் நலம். சித்திக்கு முழங்கால் வலி குறைந்ததா?

போன ஞாயிற்றுக்கிழமை போனில் நீங்கள் "அந்த ஊர்ல முனிசிபாலிட்டி எல்லாம் எப்படிம்மா?" என்று கேட்டீர்கள். நான் பதில் சொல்வதற்குள் சித்தி போனை வாங்கிக்கொண்டார், பேச்சு ரசப்பொடிக்குப் போய்விட்டது. முப்பத்திரண்டு வருடம் பேரூராட்சி அலுவலகத்தில் கோப்பு பார்த்தவருக்கு அரைகுறையாகப் பதில் சொல்ல மனம் வரவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

நாங்கள் வாடகைக்கு இருக்கும் வீடு ஒரு மேட்டில் இருக்கிறது. இறங்கிப் போனால் பத்து நிமிடத்தில் லேக் வாஷிங்டன். ஏரி என்றதும் மதுராந்தகத்தை நினைத்துக்கொள்ளாதீர்கள். தெற்கு வடக்காக 30 கிலோமீட்டருக்கு மேல் நீளம், ஆழமான இடத்தில் 214 அடி. ஆனால் கரையில் நடந்துபோக நமக்கு வழியில்லை. பெரும்பாலும் தனியார் வீடுகள்தான். வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தால்தான் தண்ணீர் தெரியும். சில தெருக்களின் முனையிலும் பூங்காவிலும் மட்டும் கொஞ்சம் திறந்துவிட்டிருக்கிறார்கள். முதல் மாதம் எனக்கு இதில் நல்ல கோபம்.

பிப்ரவரியில் ஒருநாள் அப்படி நடந்து போகும்போது ஒரு வீட்டு வாசலில் ஆளுயரத்துக்கு வெள்ளைப் பலகை நட்டிருந்தார்கள். வீடு விற்பனைக்கு வந்திருக்கிறது போல என்று நினைத்துக் கிட்டே போய்ப் பார்த்தேன். விற்பனை இல்லை. அந்த வீட்டுக்காரர் என்ன கட்டப்போகிறார், எவ்வளவு நீளம், எந்த விதியில் விலக்குக் கேட்கிறார், வரைபடம், கோப்பு எண், கருத்துச் சொல்லக் கடைசி நாள் எல்லாம் அதில் இருந்தன. முப்பது நாள் அவகாசம். நீங்கள் ஒரு கதை சொல்வீர்களே, ஆட்சேபணை அறிவிப்பை அலுவலக பீரோவுக்குப் பின்னால் ஒட்டிவிட்டு "ஒட்டியாச்சு சார்" என்று கையெழுத்துப் போட்ட எழுத்தர் கதை, அது ஞாபகம் வந்து நடுத்தெருவில் தனியாகச் சிரித்தேன்.

பக்கத்து வீட்டில் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை ஒருவர் இருக்கிறார், எண்பதை நெருங்கும் வயது. பலகையைப் பற்றிக் கேட்டதும் என்னை உட்காரவைத்து வகுப்பே எடுத்துவிட்டார். இந்த மாநிலத்தில் கரையோரத்துக்கென்றே ஒரு சட்டம் 1971-ல் வந்ததாம். அடுத்த வருடம் மக்கள் ஓட்டுப் போட்டு அதை உறுதி செய்தார்கள். தண்ணீர் வழக்கமாக ஏறி நிற்கும் கோட்டிலிருந்து 200 அடிக்குள் எதைக் கட்டினாலும் அந்தச் சட்டத்துக்கு உட்பட்டுத்தான் கட்டவேண்டும். ஒவ்வொரு ஊரும் தன் கரைக்கான விதிகளைத் தானே எழுதி மாநில அரசிடம் ஒப்புதல் வாங்க வேண்டும். குடியிருக்க ஒரு சொந்த வீடு கட்டுபவருக்குப் பெரிய அனுமதியிலிருந்து விலக்கு உண்டு, விதிகளிலிருந்து விலக்கு கிடையாது. இந்த இடத்தில் நீங்கள் தலையாட்டுவது எனக்குத் தெரிகிறது.

நம் பலகைக்காரர் கேட்டது மூன்று. பழைய படகுத்துறையைப் பிரித்து நீளமாகக் கட்ட வேண்டும், கரையின் தடுப்புச்சுவரைப் புதுப்பிக்க வேண்டும், தண்ணீரிலிருந்து விட்டிருக்க வேண்டிய இடைவெளிக்குள் ஒரு நீச்சல்குளம் வேண்டும். முப்பது கிலோமீட்டர் ஏரியை வாசலில் வைத்துக்கொண்டு அதன் ஓரத்தில் நீச்சல்குளம்! பணம் இருந்தால் ஆசைக்கு அளவில்லை.

ஏப்ரலில் விசாரணை. ஆசிரியையம்மா என்னையும் இழுத்துக்கொண்டு போனார். நகராட்சிக் கவுன்சிலர்கள் யாரும் வரவில்லை. இப்படிப்பட்ட மனுக்களைக் கேட்பதற்கென்று தனியாக ஒரு விசாரணை அதிகாரியை நியமித்திருக்கிறார்கள், வக்கீல் தொழில் செய்தவர். அவர் ஒருவரே மேடையில் உட்கார்ந்திருந்தார். பேசுகிற ஒவ்வொருவரும் வலது கையைத் தூக்கிச் சத்தியம் செய்த பிறகுதான் பேச வேண்டும். ஆளுக்கு மூன்று நிமிடம்.

முதலில் திட்டப் பிரிவு அலுவலர் தன் அறிக்கையை வாசித்தார். அதில் பாதி மீனைப் பற்றியது. இந்த ஏரிக்குள் வந்து விழும் சீடர் ஆற்றில் சின்னூக் என்ற சால்மன் மீன் குஞ்சு பொரிக்கிறது. 1999-லிருந்து அது அழியும் அபாயத்தில் இருப்பதாகப் பட்டியலில் இருக்கிறது. விரல் நீளக் குஞ்சுகள் ஆழத்துக்குப் போகாமல் கரையை ஒட்டி ஆழமில்லாத தண்ணீரிலேயே நகர்ந்து கடலுக்குப் போகுமாம். வழியில் படகுத்துறையின் நிழல் குறுக்கே விழுந்தால் பயந்து ஆழத்துக்கு ஒதுங்கும். அங்கே பெரிய மீன்கள் காத்திருக்கும். அதனால் துறையின் தளத்தைப் பலகையால் மூடாமல், வெளிச்சம் கீழே இறங்கும்படி சல்லடை மாதிரி போட வேண்டும், அகலத்தைக் குறைக்க வேண்டும். ஒரு விரல் மீனுக்கு வெயில் படவேண்டும் என்று ஒரு பணக்காரரின் வரைபடத்தைத் திருத்தச் சொல்கிறார்கள்.

இதைக் கேட்டு நானும் புல்லரித்துப் போய்த்தான் உட்கார்ந்திருந்தேன். அதே அறிக்கையில் இன்னொன்றும் இருந்தது: ஏரியின் கரையில் எழுபது சதவீதத்துக்கு மேல் ஏற்கெனவே சுவர் கட்டியாகிவிட்டது, படகுத்துறைகள் 2,700-க்கும் மேல். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். 1916-ல் கப்பல் கால்வாய் வெட்டியபோது ஏரியையே ஒன்பதடி இறக்கிவிட்டார்கள். அதோடு பிளாக் ரிவர் என்ற ஆறு வற்றிப்போனது. அந்தக் காலத்தில் பலகையும் இல்லை, மூன்று நிமிடமும் இல்லை.

சரி, விசாரணைக்கு வருகிறேன். பலகைக்காரரின் பொறியாளர் நீச்சல்குளத்துக்காக நன்றாகவே வாதாடினார். விலக்குக் கேட்பவர், அது இல்லாவிட்டால் தனக்குக் கஷ்டம் என்று நிரூபிக்க வேண்டும். அந்தக் கஷ்டமும் நிலத்தின் அமைப்பால் வந்ததாக இருக்கவேண்டும், தானாக இழுத்துவிட்டுக்கொண்டதாக இருக்கக்கூடாது. சரிவான மனை, வேறு இடமில்லை என்றார். அதிகாரி குறித்துக்கொண்டார், முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

அப்புறம் பொதுமக்கள் முறை. ஆசிரியையம்மா மீனுக்காகப் பேசினார். அடுத்து எழுந்தவரும் மீனைத்தான் சொல்லப்போகிறார் என்று பார்த்தால், அவர் பேசியது குப்பைத்தொட்டியைப் பற்றி! அந்த வீடுகளுக்கு ஒரே ஒரு குறுகலான சந்துதான். குப்பை வண்டி உள்ளே வந்து திரும்ப முடியாது, எல்லாரும் தொட்டிகளை மேலே முக்கில் கொண்டுவந்து வைக்கிறார்கள். கட்டுமான லாரிகள் அங்கே நின்றால் வண்டிக்காரர் தொட்டியை எடுக்காமல் போய்விடுவார், ஒரு வாரக் குப்பை வீட்டிலேயே கிடக்கும். இதைச் சொல்ல அவர் மூன்று நிமிடத்தையும் எடுத்துக்கொண்டார். அவருக்குப் பின்னால் வந்த இருவரும் அதையே சொன்னார்கள். அதுவரை தூங்கி வழிந்த அறை அப்போதுதான் விழித்துக்கொண்டது. எந்த ஊரானாலும் குப்பை என்றால்தான் ரத்தம் சூடேறும் போலிருக்கிறது.

குப்பை விஷயத்தையும் கொஞ்சம் சொல்கிறேன். வீட்டுக்கு மூன்று தொட்டி. மக்குவது ஒன்றில், மறுசுழற்சி ஒன்றில், மற்றது ஒன்றில். மற்றதற்கான தொட்டி எவ்வளவு சின்னதோ அவ்வளவு கட்டணம் குறைவு. இருப்பதிலேயே சின்னதை வாங்கி, அதில் வாரத்தை ஓட்டுவது என் கணவருக்கு ஒரு பந்தயம் ஆகிவிட்டது. முருங்கைக்காய்ச் சக்கை, கறிவேப்பிலைக் காம்பு, காபித்தூள் சக்கை எல்லாம் மக்கும் தொட்டிக்கு. வண்டியில் ஒரே ஓட்டுநர், கூட ஆளே இல்லை. இரும்புக் கை நீண்டு தொட்டியைக் கவ்வித் தூக்கிக் கவிழ்க்கும். அதனால் தொட்டிகளை மூன்றடி இடைவெளி விட்டு, திறப்பு தெருவைப் பார்த்தபடி வைக்க வேண்டும். வந்த புதிதில் பத்து கிலோ அரிசிச் சாக்கை மறுசுழற்சியில் போட்டுவிட்டேன். நெய்த பிளாஸ்டிக் எடுக்கமாட்டார்களாம். தொட்டியின் கைப்பிடியில் "தவறு" என்று ஒரு சீட்டு தொங்கியது. தெருவே பார்க்கிற மாதிரி! பள்ளிக்கூடத்தில் பெஞ்சு மேல் ஏறி நின்றது மாதிரி இருந்தது.

நம் வீட்டில் பழைய பேப்பர்காரர் தராசைத் தூக்கியதும் சித்தி கண்ணை இடுக்கி முள்ளையே பார்ப்பாரே, அது இங்கே இல்லை. பழைய பேப்பரை எடுத்துப்போக நாம்தான் காசு கொடுக்கிறோம். மற்ற குப்பை போவது சீடர் ஹில்ஸ் என்ற கிடங்குக்கு, 1965-லிருந்து அங்கேதான் கொட்டிப் புதைக்கிறார்கள். அதன் வாயுவைக் குழாய் வைத்து எடுத்துச் சுத்தம் செய்து எரிவாயுவாக விற்கிறார்கள். ஆனாலும் இந்த நாட்டின் தேசியப் பறவையான வெண்தலைக் கழுகு அங்கே கூட்டமாக வந்து மேய்கிறது. 2019-ல் அந்தக் கிடங்கைப் பற்றிய மாவட்டக் கவுன்சில் கூட்டத்தில், கழுகு தன் தோட்டத்தில் போட்டுவிட்டுப் போனது என்று ரத்தம் இருந்த மருத்துவக் கழிவு டப்பாவை ஒருவர் பையில் கொண்டுவந்து காட்டினாராம். காக்கை வடை தூக்குவதையே நாம் கதையாகச் சொல்கிறோம்.

வரும்போது காரில் ஆசிரியையம்மாவிடம், இத்தனை பேர் இத்தனை மணிநேரம் ஒரு நீச்சல்குளத்துக்காகவா என்று கேட்டேன். அவர் தன் சின்ன வயதுக் கதையைச் சொன்னார். 1950-களில் சுற்றியிருந்த ஊர்கள் சுத்திகரித்த சாக்கடைத் தண்ணீரைத் தினமும் 2 கோடி காலன் அளவுக்கு இந்த ஏரியில்தான் விட்டுக்கொண்டிருந்தன. தண்ணீர் பாசி பிடித்து நாறியது. எட்மண்ட்சன் என்ற பல்கலைக்கழகப் பேராசிரியர், இப்படியே விட்டால் ஏரி கெட்டுப்போகும் என்று கணக்குப் போட்டுச் சொன்னார். ஊர்களெல்லாம் சேர்ந்து ஒரே அமைப்பாகச் சாக்கடையைத் திருப்ப வேண்டும் என்று 1958 மார்ச்சில் ஓட்டுக்கு விட்டார்கள், தோற்றுப்போனது. எல்லையைச் சுருக்கிச் செப்டம்பரில் மறுபடி விட்டார்கள், ஜெயித்தது. 1964-ல் தண்ணீருக்குள் இரண்டரை அடிக்குக் கீழே ஒன்றும் தெரியாதாம். சாக்கடை முழுக்க நின்ற 1968-ல் பத்தடி தெரிந்தது. "என் அப்பா மார்ச்சில் எதிர்த்து ஓட்டுப் போட்டார், வரி ஏறும் என்று. செப்டம்பரிலும் அப்படித்தான்" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். "அதே ஏரியில் நீந்த மட்டும் முதல் ஆளாகப் போனார்."

அதைக் கேட்ட பிறகு அந்த மூன்று மூன்று நிமிடங்களின் மேல் எனக்கிருந்த சலிப்பு கொஞ்சம் குறைந்தது. முழுக்கப் போகவில்லை.

வாசலில் இருந்த தாளில் என் பெயரையும் முகவரியையும் எழுதிவிட்டு வந்திருந்தேன். ஜூனில் தீர்ப்பின் நகல் தபாலில் வந்தது, இருபத்தாறு பக்கம். விசா, வரி இரண்டையும் விட்டால் இந்த நாட்டில் என் பெயருக்கு வந்த முதல் அரசாங்கக் காகிதம் அதுதான். ஓட்டுரிமை இல்லாதவளுக்கும் அனுப்பியிருக்கிறார்கள். நீச்சல்குளத்துக்கு விலக்கு மறுப்பு, அந்தக் கஷ்டம் நிலம் கொடுத்தது இல்லை என்று. படகுத்துறைக்கு அனுமதி, சல்லடைத் தளத்தோடு. சுவரில் பாதியை எடுத்துவிட்டுச் சரளைக் கல் சரிவும் உள்ளூர்ச் செடிகளும் வைக்க வேண்டும். மீன்குஞ்சு போகும் மாதங்களில் தண்ணீருக்குள் வேலை செய்யக்கூடாது. நிபந்தனைகளின் வரிசையில் கடைசிக்கு முந்தியது: குப்பை எடுக்கும் நாளில் கட்டுமான வண்டிகள் சந்து முக்கை மறிக்கக்கூடாது. இருபத்தாறு பக்கத்தில் ஊர் பேசியது அந்த ஒரு வரியைத்தான்.

நகலை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். ஆங்கிலம் கொஞ்சம் முரடு. ஆனால் கோப்பின் நடை உங்களுக்குப் புதிதில்லை. எங்கே ஓட்டை இருக்கிறது என்று பென்சிலால் குறித்து வையுங்கள், பொங்கலுக்கு வரும்போது பார்க்கிறேன்.

இப்போது இங்கே ஏரியை இறக்குகிறார்கள். கடலுக்கும் ஏரிக்கும் நடுவில் உள்ள மதகை வைத்து, குளிர்காலத்துக்கு இரண்டடி குறைத்துவிடுவார்கள். படகுத்துறைகளின் கால்கள் எல்லாம் வெளியே தெரிகின்றன. நம் ஏரிக்கு இது நிறையும் மாதம். கலங்கல் போனதா? ஏரிகாத்த ராமர் இந்த வருடமாவது கொஞ்சம் ஓய்வெடுத்தாரா? சித்தியிடம் ரசப்பொடியை அரைக்கிலோவாகக் கட்டச் சொல்லுங்கள், ஒரு கிலோ வேண்டாம், பெட்டியில் இடமில்லை.

நாளைக் காலை குப்பை வண்டி. மழைக்கு முன்னால் தொட்டியை வெளியே தள்ளிவிட்டு வருகிறேன் என்று போனவர் இன்னும் திரும்பவில்லை. யாரோடோ பேசிக்கொண்டிருக்கிறார்.

அன்புடன்,
மீனா