மேடை இருக்கிறது, களம் கேட்டோம்: தெருக்கூத்துக் கலைஞர்கள் மன்றத்தின் 2025 ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், வாத்தியார்களுக்கும், பின்பாட்டு, தாளம், மிருதங்கம், ஆர்மோனியம், வேஷக்காரர் அனைவருக்கும் வணக்கம். 2025 ஜனவரி முதல் டிசம்பர் வரையிலான செயலாளர் அறிக்கையைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். போன வருஷம் அறிக்கை வாசிக்கும்போது பாதிப் பேர் கண்ணயர்ந்துவிட்டதாகப் பொருளாளர் சொன்னார். இந்த வருஷம் ஊராட்சியோடு நடந்த சங்கதி அதிகம் என்பதால் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அஞ்சலி. நாதஸ்வரம் போன்ற சிறு குழலான முகவீணையை ஊதிவந்த நம் பெரியவர் ஐப்பசியில் காலமானார். சீவாளியை நாக்கில் நனைத்தபடியே, அடுத்து வரப்போகிற வேஷத்தின் ராகத்தைத் திரை விலகுமுன் ஊதிக் காட்டிவிடுவார். காரியத்துக்கு நாமே கர்ண மோட்சம் ஆடினோம், கூலி வாங்கவில்லை. அன்று முகவீணை ஊத ஆளில்லாமல் ஆர்மோனியத்தை வைத்தே ஒப்பேற்றினோம். அவருக்கே அவர் வாத்தியம் இல்லாமல் கூத்து நடந்தது.

கூத்துகளைப் பொறுத்தவரை பங்குனி முதல் ஆடி வரை குறை சொல்லும்படி இல்லை. செய்யாறு, வந்தவாசிப் பக்கம் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் வைத்தவர்கள் (பாரதக் கதை விழா நடத்தியவர்கள்) வழக்கம்போல் நம்மை அழைத்தார்கள். வில்வளைப்பு, பகடை துகில், அர்ச்சுனன் தபசு, பதினெட்டாம் போர் எல்லாம் ஆடினோம். சிப்காட் ஷூ கம்பெனியில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகளுக்கு ஷிப்ட் மாற்றிக்கொள்வதுதான் பெரும் பாடு. அபிமன்யு வேஷம் கட்டுபவர் அரிதாரம் முழுதும் கலையாத காதோடு காலை ஷிப்டுக்குப் போனார் என்பதைப் பதிவு செய்கிறேன்.

இனி ஊராட்சி விஷயம். நம் கோயில் முன்னால் நிற்கும் நாடக மேடையை எல்லோரும் அறிவீர்கள். கலையை வளர்க்கத்தான் கட்டினார்கள், நல்ல எண்ணம். எந்த நிதியிலிருந்து, என்ன மதிப்பீட்டில் என்பதெல்லாம் நீலப் பெயின்டில் நெற்றியிலேயே எழுதியிருக்கிறது. நாலடி உயரம், மேலே தகரம், தரையில் வழவழவென்று டைல்ஸ். கட்டும்போது கூத்து ஆடுகிறவனை ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்போம்: கூத்து மண்ணில் ஆடுவது, மூன்று பக்கமும் ஜனம் உட்கார்ந்து பார்ப்பது, சலங்கை கட்டிய காலுக்கு மண்தான் மெத்தை. பங்குனியில் அந்த மேடையில் துரியோதனன் கிறிக்கி போடும்போது (சுழன்று ஆடும்போது) டைல்ஸ் வழுக்கி முழங்காலில் விழுந்தார். ராஜ வேஷத்தோடு விழுந்ததில் தோளில் கட்டும் புஜக்கட்டை இரண்டாகப் பிளந்தது. கல்யாண முருங்கைக் கட்டை, ஒட்டிவிட்டோம். முழங்கால் இன்னும் ஒட்டவில்லை.

மேடைக்குப் பின்னால் ஓர் அறை உண்டு. வேஷம் கட்டுவதற்கென்று கட்டியது. அதில் பல மாதமாக ப்ளீச்சிங் பவுடர் மூட்டையும் குப்பை வண்டியும் இருந்தன. பகடை துகில் ஆடிய ராத்திரி அந்த நெடியில் எல்லோருக்கும் கண் எரிந்து நீர் கொட்டியது. "சபைக்குப் போகுமுன்னமே பாஞ்சாலி அழுது முடிச்சுட்டா, இனி துச்சாதனனுக்கு என்ன வேலை?" என்று கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் திரைக்கு வெளியே வந்து சொன்னதற்கு ஜனம் சிரித்தது. நமக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

யாரிடம் போய்ச் சொல்வது என்பதே இந்த வருஷம் கேள்வியாக இருந்தது. 2019 டிசம்பரில் தேர்தல் நடந்த நம்மைப் போன்ற ஊராட்சிகளுக்கு 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு பதவிக்காலம் முடிந்துவிட்டது. அதிலிருந்து அரசு நியமித்த தனி அலுவலர் ஆட்சி. தலைவர் இருந்தால் டீக்கடையில் பிடித்து உரிமையோடு சண்டை போடலாம். தனி அலுவலருக்குப் பல ஊராட்சிகள், அவரை டீக்கடையில் பார்க்க முடியாது. ஆகவே மே 1 கிராம சபைக்குப் போனோம். மேடைக்கு எதிரே கூத்தாடும் களத்தைச் சமப்படுத்தி மண் கொட்ட வேண்டும், அறையைக் காலி செய்ய வேண்டும், சின்னப் பிள்ளைகளுக்குக் கூத்துப் பயிற்சி நடத்த ஒரு தொகை ஒதுக்க வேண்டும் என்று மனு கொடுத்தோம்.

முதலிரண்டும் நாம் நினைத்ததைவிடச் சீக்கிரம் நடந்தன. ஒரே வாரத்தில் அறை காலியானது. வைகாசியில் நம் ஊர் அக்னி வசந்த விழாவுக்கு முன்பே இரண்டு டிப்பர் செம்மண் வந்து இறங்கியது. மேடைக்கு எதிரே கிடந்த ஜல்லிக் குவியலை அள்ளி, தண்ணீர் தெளித்து, திமிசு போட்டு இறுக்கினார்கள். தெருவிளக்குக்குத் தனி சுவிட்ச் வைத்தார் ஊராட்சி எலக்ட்ரீஷியன், இதை நாம் கேட்கவே இல்லை. வேஷம் நுழையுமுன் திரை பிடிக்கும் நேரத்தில் அந்த ஒரு விளக்கை அணைத்ததில், திரைக்கு மேலே கிரீடத்தின் கண்ணாடிச் சில்லு மட்டும் மின்னியது. ஊராட்சிச் செயலருக்கும் அந்த எலக்ட்ரீஷியனுக்கும் மன்றத்தின் நன்றியைத் தீர்மானமாகவே எழுதியிருக்கிறோம். இப்போது நாம் கீழே மண்ணில் ஆடுகிறோம், மேடையில் வயசானவர்கள் சாய்ந்து உட்கார்ந்து பார்க்கிறார்கள். மேடை கட்டியதற்கும் பயன் வந்துவிட்டது.

மூன்றாவது கோரிக்கைதான் இழுக்கிறது. ஆகஸ்ட் 15 கிராம சபையில் திரும்பக் கேட்டபோது, "கலைக்கெல்லாம் செலவு செய்ய ஊராட்சிக் கணக்கில் தலைப்பே இல்லை" என்று பதில் வந்தது. நானும் நம் துணைச் செயலாளரும் ஒரு மாதம் அலைந்து படித்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 73-ஆவது அரசியல் சட்டத் திருத்தத்தில் வந்த பதினோராவது அட்டவணையில் ஊராட்சிகளுக்கு 29 பொருள்கள் இருக்கின்றன. அதில் 20 நூலகம், 21 பண்பாட்டு நடவடிக்கைகள். ஊராட்சிகளுக்கு வரும் ஒன்றிய அரசின் 15-ஆவது நிதிக்குழு மானியத்தில் 60 சதவீதம் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் என்று கட்டிப்போட்டது. மீதி 40 சதவீதத்தை, சம்பளத்துக்கும் அலுவலகச் செலவுக்கும் தவிர, அந்த 29 பொருளில் ஊருக்கு எது தேவையோ அதற்குச் செலவிடலாம். ஆக தலைப்பு இருக்கிறது. ஊராட்சி வளர்ச்சித் திட்டத்தில் யாரும் அதை எழுதுவதில்லை, அவ்வளவுதான்.

இன்னொன்றும் சபையில் சொன்னேன். 20-ஆவது பொருளான நூலகத்துக்கு 1948-ஆம் வருஷச் சட்டம் இருக்கிறது, வீட்டு வரியோடு 10 சதவீதம் நூலக வரி கட்டுகிறோம், ரசீதைப் பார்த்தால் தெரியும். அடுத்த எண்ணான 21-க்குப் புது வரி கேட்கவில்லை. இருக்கிற பணத்தில் ஒரு வரி எழுதச் சொன்னோம். மாமண்டூர் குடைவரைக்குத் தொல்லியல் துறைப் பலகை இருக்கிறது, கல்லைத் தொட்டால் கேட்க ஆள் உண்டு. ஒரு முகவீணை நின்றுபோனால் எந்த அலுவலகத்துக்கும் தகவல்கூடப் போவதில்லை. கோரிக்கை தீர்மானப் புத்தகத்தில் ஏறியிருக்கிறது, பணம் வரவில்லை.

ஒலிபெருக்கி விவகாரம். ஒலி மாசு விதிகள், 2000-இன்படி இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. நாம் களரி கட்டுவது, அதாவது வாத்தியம் முழக்கிக் கூத்தைத் தொடங்குவது 10 மணிக்கு, மங்களம் பாடுவது விடிந்து. நம் கூத்துக்கென்றே அளவெடுத்து எழுதியது போல இருக்கிறது. விழாக்களுக்கு வருஷத்தில் 15 நாளுக்கு மேற்படாமல் நள்ளிரவு 12 வரை மாநில அரசு விலக்குத் தரலாம் என்றும் அதே விதியில் உண்டு. ஊராட்சி கடிதம் கொடுத்தது, 12 மணி வரை அனுமதி கிடைத்தது. பதினெட்டாம் போர் ராத்திரி சரியாக 12-க்கு மைக்கை அணைத்துவிட்டு ஆடினோம். பின்வரிசை ஜனம் பாயைச் சுருட்டிக்கொண்டு முன்னால் நகர்ந்தது. முகவீணை கடைசி வீடு வரை கேட்டது. அதுதான் பெரியவர் நம் ஊரில் கடைசியாக ஊதிய ராத்திரி. மைக் பழகிய இளசுகள் இருவருக்கு மூன்று நாள் தொண்டை கட்டிக்கொண்டது. வாத்தியார்கள் இருவரும் மைக் இல்லாமல் பாடப் பயிற்சி கொடுக்க ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

மற்றவை சுருக்கமாக. இயல் இசை நாடக மன்றத்தின் 10,000 ரூபாய் உதவிக்கு, ஆடை அணிகலன் வாங்க, இருவர் விண்ணப்பித்ததில் ஒருவருக்குக் கிடைத்தது. நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியம் 2007-இல் வந்தது, இன்னும் நம்மில் நாலு பேர் பதியாமல் இருக்கிறார்கள், பெயர் சொல்லவில்லை, தலை குனிந்திருப்பவர்களைப் பார்த்தாலே தெரிகிறது. மாவட்டக் கலை மன்ற விருதில் 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் கலை இளமணி உண்டு. பயிற்சிக்கு வரும் இரண்டு பெண் பிள்ளைகளில் ஒருத்திக்கு விண்ணப்பிக்கலாம். கிருஷ்ணன் வேஷத்துக்கு அடவு சுத்தமாக இருக்கிறது.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். அதில் ஏறாத ஒரு வரவு: விழாக்களில் பல கட்சிக்காரர்களும் நமக்குப் போர்த்திய பொன்னாடை மொத்தம் 14. விற்றாலும் போகாது, கட்டினாலும் அழகில்லை. என் வீட்டம்மா அவற்றைச் சேர்த்துத் தைத்து, நம் பழைய கிழிந்த திரைக்குப் பதில் புதுத் திரை செய்துகொடுத்தார்கள். ஜரிகை கொஞ்சம் உறுத்தும், பிடிக்கிறவர்கள் ஓரத்தைப் பிடிக்கவும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். 15-ஆவது நிதிக்குழுவின் காலம் 2026 மார்ச் 31-உடன் முடிகிறது. அடுத்த திட்டத்திலாவது 21-ஆவது பொருள் எழுத்தில் ஏற வேண்டுமானால், வரும் ஜனவரி 26 கிராம சபையில் நாம் எல்லோரும் உட்கார்ந்திருக்க வேண்டும். காலை 11 மணி, அரசமரத்தடி. முந்தின ராத்திரி நமக்கு ஒப்புக்கொண்ட கூத்து எதுவும் இல்லை, நான் டைரியைப் பார்த்துவிட்டேன். பெரியவரின் முகவீணையை அவர் பேரன் அன்று கொண்டுவருகிறான். ஊதக் கற்றுக்கொள்கிறேன் என்று கேட்டிருக்கிறான், அதற்கு ஆகும் செலவைத்தான் முதலில் கேட்கப்போகிறோம்.

இப்படிக்கு,
செயலாளர்