மரம் வைக்கலாமா என்று கேட்ட மகளுக்கு

சேசு மரி சூசை

அன்பு மகளுக்கு,

கிறிஸ்மஸ் என்பதே பிற சமயத்தாரிடமிருந்து திருடிய விழா என்று உன் அலுவலகத் தோழி சொன்னதாகவும், அதைக் கேட்டதிலிருந்து வீட்டில் மரம் வைக்க மனம் ஒப்பவில்லை என்றும், பிள்ளைக்குக் குடில் மட்டும் போதாதா என்றும் எழுதியிருந்தாய். தொலைபேசியில் இரண்டு வார்த்தையில் சொல்லி முடிக்கிற விஷயமல்ல என்பதால் எழுதுகிறேன். திருட்டு என்பதை நான் ஏற்க மாட்டேன். ஆனால் கலப்பே இல்லை என்றும் உன்னிடம் சாதிக்க மாட்டேன், ஏனென்றால் கலப்பு உண்டு.

முதலில் தேதி. ஆண்டவர் பிறந்த நாள் எது என்று நற்செய்திகளில் எங்கும் இல்லை. டிசம்பர் 25க்கு ஐயமற்ற பழைய சான்று, உரோமையில் 354ஆம் ஆண்டில் தொகுக்கப்பட்ட ஒரு நாட்காட்டி நூல். அதில் மறைசாட்சிகளின் நினைவு நாள்களைச் சொல்லும் பட்டியலின் தொடக்கத்தில், யூதேயாவின் பெத்லகேமில் கிறிஸ்து பிறந்தார் என்று அந்த நாளுக்கு நேராகக் குறித்திருக்கிறார்கள். அதே நூலின் வேறொரு பகுதியில், அதே நாளுக்கு நேராக 'வெல்லப்படாதவரின்' பிறந்தநாள் என்றும் 30 தேர்ப் பந்தயங்கள் என்றும் குறித்திருக்கிறார்கள். அந்த வெல்லப்படாதவர், 274இல் பேரரசர் அவுரேலியன் உரோமையில் கோயில் எழுப்பிய சூரிய தெய்வம் என்பதே பெரும்பாலோர் கருத்து. இதைக் காட்டித்தான் உன் தோழியைப் போன்றவர்கள் வழக்கை முடித்துவிடுகிறார்கள். ஆனால் புனித அகுஸ்தீனார் எழுதிவைத்த இன்னொரு கணக்கும் இருக்கிறது: ஆண்டவர் பாடுபட்டு இறந்த மார்ச் 25ஆம் நாளிலேயே அவர் தாயின் வயிற்றில் கருவானார் என்று கொண்டால், ஒன்பது மாதம் கழித்து வருவது டிசம்பர் 25. இந்த இரண்டில் எது காரணம் என்று அறிஞர்கள் இன்றும் வாதிடுகிறார்கள். என்னைக் கேட்டால் இரண்டும் அருகருகே வளர்ந்தவை என்பேன். 5ஆம் நூற்றாண்டில் திருத்தந்தை லெயோ, கிறிஸ்மஸ் மறையுரையிலேயே மக்களைக் கடிந்துகொள்கிறார்: புனித பேதுரு ஆலயத்தின் படியேறி வந்தவர்கள், உள்ளே நுழையுமுன் திரும்பி நின்று, உதிக்கும் சூரியனுக்குத் தலை வணங்குகிறார்களாம். பூசைக்கு வந்த கிறிஸ்தவர்களே அப்படிச் செய்தார்கள் என்பதை மறந்துவிடாதே.

நீ அவசியம் தெரிந்துகொள்ள வேண்டியது 601ஆம் ஆண்டில் நடந்தது. ஆங்கிலேயர் நாட்டுக்கு மறைபரப்பாளர்களை அனுப்பிய திருத்தந்தை பெரிய கிரகோரியார், அந்நாட்டு அரசர் எத்தல்பெர்ட்டுக்கு எழுதியபோது, சிலை வழிபாட்டை ஒழித்து அதன் கோயில்களை இடித்துத் தள்ளும்படி கேட்டிருந்தார். ஆனால் அந்நாட்டுக்குப் போகும் வழியில் இருந்த குரு மெல்லிட்டஸுக்குப் பின்னர் அனுப்பிய கடிதத்தில், இதைப் பற்றி நெடுநேரம் சிந்தித்தேன் என்று சொல்லி, வேறு விதமாகக் கட்டளையிடுகிறார். கோயில்களை இடிக்க வேண்டாம், உள்ளே உள்ள சிலைகளை மட்டும் அகற்றுங்கள்; தீர்த்தம் தெளித்து, பீடம் அமைத்து, புனிதர்களின் அருளிக்கங்களை, அதாவது அவர்கள் விட்டுச்சென்ற திருப்பண்டங்களை, வையுங்கள்; தங்களுக்குப் பழகிய இடத்துக்கே மக்கள் வரட்டும் என்கிறார். அவர்கள் மாடுகளைப் பலியிட்டு உண்டு பழகியவர்கள். ஆகவே ஆலய அர்ச்சிப்பு நாளிலும் மறைசாட்சிகளின் திருநாளிலும் ஆலயத்தைச் சுற்றி மரக்கிளைகளால் குடில் போட்டு, அதே மாடுகளைக் கடவுளுக்கு நன்றி சொல்லி உண்ணட்டும் என்கிறார். உச்சிக்கு ஏற விரும்புகிறவன் படிப்படியாக ஏறுகிறான், தாவி ஏறுவதில்லை என்பது அவர் கொடுத்த காரணம். புனித பீட் தம் வரலாற்று நூலில் இந்த இரண்டு கடிதங்களையும் மறைக்காமல் பதிந்திருக்கிறார். கிளைகளால் போட்ட அந்தக் குடில்களைப் படிக்கும்போதெல்லாம் நம் மாதா கோயில் திருவிழாப் பந்தல்தான் எனக்கு நினைவுக்கு வருகிறது. திருடியவர் இப்படிக் கடிதம் எழுதி வைப்பாரா, மகளே?

மதுரைக்கு 1606இல் வந்து தத்துவ போதகர் என்று பெயர் பெற்ற இத்தாலியக் குரு இராபர்ட் தெ நொபிலியும் இந்த வழியில்தான் நடந்தார். பூணூலையும் குடுமியையும் சந்தனத்தையும் மனம் மாறியவர்கள் வைத்துக்கொள்ளலாமா என்ற வழக்கு உரோமை வரை போய், 1623இல் இன்னொரு கிரகோரியார், பதினைந்தாம் கிரகோரியார், அனுமதித்தார். நம் வழிபாட்டில் தேரும் சப்பரமும் இருப்பதை யாரும் திருட்டு என்று சொன்னால் நீ சும்மா இருப்பாயா?

இனி மரத்துக்கு வருகிறேன். ஜெர்மனியில் நீ இருக்கும் காசெல் நகருக்கு அருகே ஃப்ரிட்ஸ்லார் என்ற ஊர் இருக்கிறது. அந்தப் பக்கத்தில்தான் 723ஐ ஒட்டி புனித போனிஃபாஸ், இடியின் தெய்வமான டோனாருக்கு உரியதென்று மக்கள் வணங்கிய ஓக் மரத்தை வெட்டினார். அந்த மரத்தைக் கொண்டே புனித பேதுருவின் பெயரால் ஒரு சிற்றாலயம் கட்டினார். வெட்டிய இடத்தில் ஃபிர் மரம் முளைத்தது, அதுவே முதல் கிறிஸ்மஸ் மரம் என்று சிலர் சொல்வார்கள். அவருடைய வரலாற்றை எழுதிய வில்லிபால்ட் அப்படி ஒன்றும் சொல்லவில்லை; அது பிற்காலக் கதை. வீட்டுக்குள் வைத்து அலங்கரித்த மரத்தைப் பற்றிய தெளிவான விவரிப்பு 1605இல் ஸ்ட்ராஸ்பர்கிலிருந்து கிடைக்கிறது: காகித ரோஜாக்கள், ஆப்பிள்கள், மெல்லிய அப்பங்கள், பொன்தாள், சர்க்கரைப் பண்டங்கள். டிசம்பர் 24 பழைய வழக்கில் ஆதாம் ஏவாளின் நாள். ஏதேன் தோட்டத்து நாடகங்களில் ஆப்பிள் தொங்கவிட்ட மரம் நிறுத்துவார்கள். வீட்டு மரம் அதிலிருந்து வந்திருக்கலாம் என்று பலர் கருதுகிறார்கள். அப்படியானால், நீ அஞ்சுகிற மரம் நீ அஞ்சாத தேதியைவிடக் கிறிஸ்தவமானது.

கலப்பற்ற சமயம் வேண்டும் என்று புறப்பட்டவர்களும் உண்டு. அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் குடியேறிய பியூரிட்டன்கள் 1659இல் கிறிஸ்மஸ் கொண்டாடுவோருக்கு 5 ஷில்லிங் அபராதம் என்று சட்டம் போட்டார்கள்; 1681 வரை அது நீங்கவில்லை. விருந்தை விலக்கியதோடு அவர்கள் நிற்கவில்லை. பாலன் பிறந்த மகிழ்ச்சியையும் சேர்த்தே விலக்கினார்கள். நீ அந்த வழியில் போவதை நான் விரும்பவில்லை.

ஆகவே மரத்தை வை. மின்விளக்கோடு நாலைந்து சிவப்பு ஆப்பிள்களையும் தொங்கவிட்டு, ஆதாம் ஏவாள் கதையைப் பேரனுக்குச் சொல். மரத்தடியில் குடிலை வை. தேதியைப் பற்றித் தோழி சொன்னதில் பாதி உண்மை என்று அவளிடம் ஒப்புக்கொண்டு, கிரகோரியார் மெல்லிட்டஸுக்கு எழுதியதையும் சொல். கேட்டுவிட்டு அவள் என்ன சொன்னாள் என்று எனக்கு எழுது. விடுமுறையில் ஒரு நாள் பேரனை அழைத்துக்கொண்டு ஃப்ரிட்ஸ்லாருக்கும் போய் வாருங்கள்.

ஆசீருடன்,
அப்பா