நம்பர் பிளேட்டைத் திருப்பிக் கொடுங்கள்: அமெரிக்க மாநில வாகனப் பதிவுத் துறைகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய வாகனப் பதிவுத் துறைத் தலைவர்களுக்கு,

வணக்கம். இதே விஷயத்தை ஆங்கிலத்தில் மூன்று முறை எழுதி அனுப்பினேன். மூன்றுக்கும் "தங்கள் கடிதம் கிடைத்தது" என்று இயந்திரம்தான் பதில் போட்டது. நாலாவதைத் தமிழில் எழுதுவதால் எனக்குப் புதிதாக நஷ்டம் ஒன்றும் இல்லை.

கெய் கார் என்று ஜப்பானியர் தங்கள் ஊருக்காகச் செய்த சின்ன ரக வண்டிகளின் பஞ்சாயத்து உங்களுக்குத் தெரியாததல்ல. மெய்ன், ரோட் ஐலண்ட், ஜார்ஜியா என்று ஒவ்வொரு மாநிலமாக அவற்றின் பதிவை ரத்து செய்தவர்கள் நீங்கள்தான். அதனால் பழைய கதையை விட்டுவிட்டு, எனக்கு வந்த கடிதத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

"தங்கள் மினி டிரக் பொதுச் சாலைக்கு உகந்தது அல்ல, 30 நாளுக்குள் நம்பர் பிளேட்டை ஒப்படைக்கவும்" என்றது கடிதம். ஐயா, என்னிடம் மினி டிரக் கிடையாது. என்னிடம் இருப்பது 1992-ல் செய்த ஹோண்டா பீட். இரண்டே இருக்கை, மடக்கிவைக்கிற துணிக்கூரை, வரிக்குதிரைத் தோல் போலக் கோடு போட்ட சீட், முதுகுக்குப் பின்னால் 656 சிசி எஞ்சின். டிக்கியில் கொஞ்சம் பெரிய பையாக வைத்தால் மூடி இறங்காது. இதில் நான் எந்த லோடு அடித்ததைப் பார்த்தீர்கள்?

சரி, தவறுதலாக அனுப்பியிருப்பார்கள் என்று நேரிலேயே போனேன். கவுன்டரில் இருந்த அம்மா மரியாதையாகத்தான் பேசினார். சேஸிஸ் நம்பர் கேட்டார். பிபி1, ஒரு கோடு, அப்புறம் ஏழு இலக்கம். ஜப்பானியர் தங்கள் நாட்டு விற்பனைக்குச் செய்த வண்டிக்கு அவ்வளவுதான் நம்பர். அவருடைய கம்ப்யூட்டருக்கு 17 வேண்டுமாம். "மீதி எங்கே?" என்றார். மீதி என்று ஒன்று இல்லை என்றேன். திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார். கட்டம் சிவப்பாக இருந்தது. 2019-ல் இதே கவுன்டரில் இதே நம்பரைப் பதிந்து, வரியும் வாங்கிக்கொண்டு, பிளேட்டைக் கையில் கொடுத்தார்கள் என்று ரசீதை நீட்டினேன். "அப்போது கொடுத்திருக்கக் கூடாது" என்றார். பிளேட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

பிறகு நடந்ததைத்தான் நீங்கள் நிதானமாகப் படிக்க வேண்டும். பதிவு இல்லாத வண்டிக்குக் காப்பீடு தர முடியாது என்று காப்பீட்டு நிறுவனம் பாலிசியை முடித்துவிட்டது. அடுத்த மாதம் அதே துறையிலிருந்து இன்னொரு கடிதம்: "தங்கள் வாகனத்துக்குக் காப்பீடு இல்லை. அபராதம் செலுத்தவும்." போன் செய்தேன். பதிவை ரத்து செய்தது ஒரு பிரிவு, காப்பீட்டைக் கண்காணிப்பது வேறு பிரிவு, இவர்கள் கணக்கில் என் வண்டி இன்னும் சாலையில்தான் ஓடிக்கொண்டிருக்கிறது என்று தெரிந்தது. ஒரு பிரிவுக்கு ஓடக் கூடாத வண்டி, மற்றொன்றுக்கு ஓடுகிற வண்டி. விற்றுத் தொலைக்கலாம் என்றால் உரிமைப் பத்திரத்திலும் முத்திரை விழுந்துவிட்டது. பக்கத்து மாநிலத்திலிருந்து வாங்க வந்தவர் அந்தத் தாளைப் பார்த்துவிட்டு, வண்டியைப் பார்க்காமலே கிளம்பினார்.

எஞ்சின் இறுகிவிடக் கூடாதே என்று ஞாயிறுதோறும் கிளப்புகிறேன். ஷெட்டிலிருந்து என் வாசல் விளிம்பு வரை 12 மீட்டர். போக 12, வர 12. பத்து மாதத்தில் மீட்டரில் ஏறியது ஒரே ஒரு கிலோமீட்டர். 8,100 ஆர்பிஎம்மில் முழுச் சக்தியைக் கொடுக்கிற எஞ்சின் அது!

நான் கேட்பது ஒன்றுதான். மத்திய அரசு சட்டப்படி உள்ளே விட்ட வண்டிக்கு நம்பர் பிளேட் கொடுங்கள். ஏற்கெனவே கொடுத்துப் பறித்ததைத் திருப்பிக் கொடுங்கள்.

மத்தியப் பாதுகாப்புத் தரத்துக்கு உட்பட்டுச் செய்த வண்டி இல்லை என்பதுதானே உங்கள் வாதம்? இல்லைதான். 25 வயது நிறைந்த வண்டிக்கு அந்தத் தரம் தேவையில்லை என்று விலக்குக் கொடுத்திருப்பதும் அதே மத்திய அரசுதான். புகை விதியில் 21 வயதிலேயே விலக்கு. துறைமுகத்தில் எச்எஸ்-7 என்ற வாகன இறக்குமதிப் படிவத்தில் முதல் கட்டத்தில் டிக் போட்டு, முத்திரை வாங்கித்தான் வண்டியை வெளியே எடுத்தேன். அதே கட்டத்தில் டிக் போட்டு 2024 முதல் நிஸான் ஸ்கைலைன் ஆர்34 ஜிடி-ஆர் வருகிறது. 2.6 லிட்டர், இரட்டை டர்போ, கம்பெனி ஒப்புக்கொண்ட கணக்கிலேயே 280 குதிரைத்திறன். என் மாநிலத்தில் அதற்குப் பிளேட் உண்டு. 64 குதிரைத்திறன் வண்டியைப் பார்த்துத்தான் உங்களுக்குப் பயம் வருகிறது.

சின்ன வண்டி, மோதினால் ஆபத்து என்கிறீர்கள். உண்மை. 3.3 மீட்டர் நீளத்துக்குள் அடங்கிய, 760 கிலோ வண்டியில் உட்கார்ந்துகொண்டு நெடுஞ்சாலையில் பதினெட்டுச் சக்கர லாரியின் வீல் நட்டைக் கண்மட்டத்தில் பார்த்தவன் நான், எனக்கா தெரியாது? ஆனால் கதவே இல்லாத, பெல்ட்டே இல்லாத மோட்டார் சைக்கிளுக்குப் பிளேட் கொடுக்கிறீர்கள். சீட் பெல்ட் கட்டாயமானது 1968 ஜனவரியிலிருந்து. அதற்கு முந்தைய கார்களுக்கும் பழம்பொருள் என்று அழகான பிளேட்டே தருகிறீர்கள். ஆபத்தை நானாக விரும்பி ஏற்பது அங்கெல்லாம் பாரம்பரியம், இங்கே மட்டும் குற்றம்.

25 ஆண்டு என்ற கணக்கே ஒரு வேடிக்கை. வடக்கே எல்லை தாண்டினால் கனடாவில் 15 ஆண்டு போதும். அங்கேயும் அதே பனி, அதே லாரி. 1988-ல் இறக்குமதிச் சட்டம் இறுகியபோது பாதுகாப்பைப் பற்றிக் கவலைப்பட்டவர்கள் எத்தனை பேர், ஜெர்மன் கார்களை ஜனங்கள் நேரடியாகக் கொண்டுவருவதால் ஷோரூமில் விற்பனை படுக்கிறதே என்று கவலைப்பட்டவர்கள் எத்தனை பேர் என்பதும் ஊரறிந்த கதை. அமெரிக்கத் தரச் சான்று இல்லாத பில் கேட்ஸின் போர்ஷே 959 பதின்மூன்று வருஷம் சுங்கக் கிடங்கில் கிடந்தது. அவருக்கே அந்தக் கதி என்றால் நான் எம்மாத்திரம்? அப்புறம் 1999-ல் அந்த மாதிரி அபூர்வ வண்டிகளுக்கென்று வருஷத்துக்கு 2,500 மைல் வரை ஓட்டலாம் என்ற விலக்கு பிறந்தது. எனக்காக யாரும் புது விலக்கு கொண்டுவர வேண்டாம். இருக்கிற விலக்கை மதித்தால் போதும்.

மன்னிக்கவும், கேட்க வந்ததை விட்டு எங்கோ போய்விட்டேன்.

இது முடியாத காரியம் இல்லை. டெக்ஸாஸ் 2024-ல் கெய் வண்டிகளுக்கு வழிவிட்டது. மாசசூசெட்ஸ் அதே ஆண்டில் பதிவை நிறுத்தி, உரிமையாளர்கள் எதிர்த்துக் கேட்டதும் சில மாதத்துக்குள் அந்த முடிவைத் திரும்பப் பெற்றது. அதனால் அங்கே எந்தச் சாலையும் இடிந்து விழவில்லை. டெக்ஸாஸ் பிளேட் மாட்டிய பீட் ஒன்று நாளைக்கு என் வீட்டு வாசல் வழியே போனால், உங்களால் அதை மறிக்க முடியாது. என் பீட் ஷெட்டுக்குள்ளிருந்து அதற்குக் கையாட்டலாம்.

கெய் கார்களே வேண்டாம் என்பது உங்கள் முடிவானால், அதைச் சட்டமன்றத்தில் விதியாகக் கொண்டுவாருங்கள். நாங்களும் வந்து பேசுகிறோம், தோற்றால் ஒப்புக்கொள்கிறோம். மாநில வாகனத் துறை அதிகாரிகளின் கூட்டமைப்பு மினி டிரக் பற்றித் தந்த பரிந்துரை ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, ஐந்து வருஷம் வரி வாங்கிய வண்டியின் பிளேட்டைத் தபாலில் பறிக்காதீர்கள். கம்ப்யூட்டரில் 17 கட்டம்தான் இருக்கிறதென்றால் கட்டத்தை மாற்றுங்கள். 1981-க்கு முந்தைய அமெரிக்கக் கார்களின் நம்பரும் 17 கிடையாது. அவற்றை ஏற்றுவதற்கு ஒரு வழி வைத்திருக்கிறீர்கள் அல்லவா, அதே வழியில் இதையும் ஏற்றுங்கள்.

மறுபடியும் பணிவோடு கேட்கிறேன்: மத்திய அரசு உள்ளே விட்ட வண்டிக்குப் பிளேட் கொடுங்கள், பறித்ததைத் திருப்பிக் கொடுங்கள். பனிக்காலத்துக்கு முன்னால் முடிந்தால் நல்லது.

இப்படிக்கு,
மினி டிரக் இல்லாத ஒருவர்

பின்குறிப்பு: காப்பீடு இல்லாததற்கான அபராதத்தைக் கட்டிவிட்டேன். ரசீதில் வாகன எண் என்ற இடத்தில் என் பழைய பிளேட் எண் அச்சாகியிருக்கிறது. அந்தக் கம்ப்யூட்டருக்கு என் வண்டியை நன்றாகவே தெரிந்திருக்கிறது.